பதில் சொல்லாத மேடம்

ஜூன் 14, 1999, திங்கள்

உஸ்மான் ரோடு கடை மாடியில் இருந்த எவர்சில்வர் பாத்திரங்களைக் கீழே இறக்கி, ஆறு கம்ப்யூட்டரை மேலே ஏற்றிவிட்டேன். இன்டர்நெட்டில் ஏற்றுமதிப் படிப்பு. வேளச்சேரியிலிருந்து மஸ்கட் வரை முப்பத்தொரு பேர் சேர்ந்திருக்கிறார்கள். வகுப்பு கிடையாது, பெஞ்சு கிடையாது. பாடம் கம்பி வழியாகப் போகும். இது படுத்தால் மாடி மறுபடி குண்டான்களுக்குத்தான். "எட்டாவது ஃபெயிலு, காலேஜ் நடத்துது" என்று பக்கத்துக் கடை வரை சொல்லிவைத்திருக்கிறாள் தங்கம். கட்டின பெண்டாட்டி.

பாடம் எழுத மயிலாப்பூர் ஜானகி மேடம். இருபத்தொன்பது வருஷம் காமர்ஸ் புரொபசர், போன வருஷம் ரிடையர். மவுஸைக் கரப்பான்பூச்சியைத் தொடுவது மாதிரி தொடுகிறார்.

ஜூன் 28

மேடத்துக்கு அட்டெண்டன்ஸ் வேண்டுமாம். திங்கள்தோறும் எல்லாரும் "பிரசென்ட் மேடம்" என்று மெயில் அனுப்ப வேண்டும். கூடவே புரியாதது ஒரு வரி.

"இன்னா மேடம், பெஞ்சே இல்லாத கிளாஸுக்கு அட்டெண்டன்ஸா?"

"பெஞ்சு இல்லேன்னா என்ன? தூங்கறவா எங்கேயும் தூங்குவா, துரை."

பழக்க தோஷம். விட்டுவிட்டேன்.

ஜூலை 23

இருபது பாடமும் ஏற்றியாச்சு. பாத்திரம் அடுக்கிக் கொடுத்த ஆளை வேலை முடிந்த அப்புறமும் கடையில் நிற்க வைப்பேனா? சொல்லிவிட்டேன். "பாடம்லாம் உள்ள கீது மேடம். இனிமே நீங்க வீட்ல ரெஸ்ட் எடுங்க."

கோபப்படவில்லை. தன் மெயில் பாஸ்வேர்டைத் துண்டுச்சீட்டில் எழுதித் தந்தார். "பாடம் இருக்கு. கேள்வி கேக்க யார் இருக்கா?"

கேட்கத்தான் பிள்ளைகள் இருக்கிறார்களே. இதுகூடவா புரொபசருக்குத் தெரியாது?

ஜூலை 26, திங்கள்

மேடம் பெயரில் முப்பத்தொரு பேருக்கும் நானே பதில் போட்டேன். சாந்தோம் ஷெரில் கேட்டிருந்தாள்: "சரக்கு கப்பலில் போகும்போது அது யாருடையது?" என் குண்டான் சிங்கப்பூர் வரை போயிருக்கிறது, எனக்குத் தெரியாதா? "அனுப்பினவருடையது" என்று அடித்துவிட்டேன். இட்லி ஆறுவதற்குள் மொத்தக் கிளாஸும் முடிந்தது. இதற்கா இருபத்தொன்பது வருஷம்?

ஜூலை 28

ஷெரில் நேரிலேயே வந்து நின்றாள்.

"அங்கிள், மேடத்துக்கு உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தானே கீறாங்க. ஏம்மா?"

"நான் கேட்டதுக்குப் பதில் வந்துச்சு."

"வந்தா நல்லதுதானே?"

"மேடம் பதிலே சொல்ல மாட்டாங்களே அங்கிள். நாம ஒண்ணு கேட்டா அவங்க ஒண்ணு கேப்பாங்க. மூணு நாள் மண்டை காயும், அப்புறம் நமக்கே தெரிஞ்சிடும். இந்தப் பதில் தப்பு வேற."

தப்பா? எங்கே தப்பு என்று கேட்க வாய் வரை வந்தது. ரெண்டு நாள் புரொபசராக இருந்தவன் எந்த முகத்தோடு கேட்பது?

ஜூலை 29

பதினாலு பேர் மெயில். மேடம் இல்லையென்றால் அவர்களும் இல்லையாம். பதில் போட்டது மேடம் இல்லை என்று எல்லாருக்கும் மெயில் தட்டிவிட்டது ஷெரில் வேலை. தங்கம் மாடியை முழம் போட்டு அளக்கிறாள்.

ஜூலை 30

மயிலாப்பூர் போனேன். இந்த வாய்க்கு மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை. காபி மட்டும் குடித்துக்கொண்டிருந்தது. மேடம்தான் ஆரம்பித்தார்.

"ஆத்துல உக்காந்துண்டு டி.வி. பாக்கறேன். ரெஸ்ட் நன்னாத்தான் இருக்கு."

"மேடம், பாடம் எழுத வேணாம். அதான் கீதே. சும்மா புள்ளைங்கள கேள்வி கேட்டுக்கினு இருங்க, போதும்."

"அதைத்தானே பண்ணிண்டிருந்தேன், துரை."

வருகிறாராம். ஒரே நிபந்தனை: அட்டெண்டன்ஸில் முப்பத்திரண்டாவதாக ஒரு பெயர் சேர வேண்டும். யார் பெயர் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

ஆகஸ்ட் 2, திங்கள்

கடை திறந்ததும் முதல் வேலையாக அனுப்பினேன்: "வெள்ளைத்துரை. பிரசென்ட் மேடம். புரியாதது: சரக்கு கப்பலில் போகும்போது அது யாருடையது?"

மேடம் தடுப்புக்கு அந்தப் பக்கம்தான் உட்கார்ந்திருக்கிறார். தலையை நீட்டிச் சொன்னால் முடிந்தது. மாட்டார். பத்து நிமிஷம் கழித்து மெயில் வந்தது.

"கப்பல் முழுகினால் யார் அழுவார்கள்?"

மணி ரெண்டு. சாப்பாட்டுக்கு இன்னும் போகவில்லை. நான் அழுவேனா, சிங்கப்பூர்க்காரன் அழுவானா?