கப்பலுக்குக் கைப்பையில் வைப்பவை

மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கிற பைக் கடைக்குள் இன்று அம்மாவோடு நுழைந்தேன். என் புத்தகப் பையின் ஸிப் பிய்ந்துவிட்டது. புது ரெக்சின் மணமும் ரப்பர் சக்கரங்களின் மணமும் ஒன்றாக மூக்கில் ஏறியதும், நீங்கள் பக்கத்தில் நிற்பதைப் போலவே இருந்தது, ஆன்ட்டி.

கடைக்கார முஸ்லிம் நானாவும் உங்களை மறக்கவில்லை. "ஒங்கட ஆன்ட்டி இந்தக் கடையில உள்ள எல்லாப் பெட்டியையும் ஒருக்கா உருட்டிப் பார்த்திட்டுத்தான் ஒண்ட வாங்கினாங்க" என்று சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "மகள், நானும் வீட்டு ஆளும் வார மாசம் கப்பல்ல போறோம். மகன் டிக்கட் போட்டுத் தந்திருக்கார். என்னென்ன எடுக்கணும் எண்டு செல்லித் தாங்களேன்."

சொன்னேன். கப்பல் அறைக்குள் குளிரூட்டி நடுங்க வைக்கும், கண்டி மழைக்குப் போடுகிற அதே ஸ்வெட்டர் போதும். அறைச் சுவர் இரும்பு, காந்தக் கொக்கி வாங்கினால் ஈரத் துவாயைத் தொங்கவிடலாம். தலைவலி மாத்திரையையும் பற்பசையையும் இங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள், கப்பல் கடையில் விலை கேட்டால் மயக்கம் வரும். இஸ்திரிப்பெட்டியும் கேத்தலும் வீட்டிலேயே இருக்கட்டும். நானா தலையாட்டிக்கொண்டே இருந்தார். கடைசியாக, தினமும் போடுகிற மருந்தைப் பெரிய பெட்டிக்குள் வைக்கவே கூடாது என்றேன். அவர் சரி என்ற பிறகும் இன்னொரு தடவை சொன்னேன். அம்மா என் கையைப் பிடித்து, "போதும், அவருக்கு விளங்கிருச்சு" என்றாள். ஆனால் அம்மா அன்று துறைமுகத்தில் நம்மோடு இல்லையே.

வீட்டுக்கு வந்ததும் உங்களுக்கு இதை எழுத உட்கார்ந்தேன்.

எங்கள் வீட்டுக்கு மேல்வீடு உங்களுடையது. நகரசபைக் கருமபீடத்தில் தண்ணீர் பில் காசு வாங்கி ஓய்வு பெற்றவர் நீங்கள். வரிசையில் இடிப்பவர்களை அடக்கிய அந்தக் குரலிலேயே, பாடசாலைக்குப் போகும் என்னையும் மாடியிலிருந்து கூப்பிடுவீர்கள். நான் நூலகத்திலிருந்து கொண்டுவரும் புத்தகங்களை முதலில் நீங்கள்தான் புரட்டுவீர்கள். முடிவைப் படித்துவிட்டு, "இவன் செத்துருவான், வாசிக்காத" என்று சொல்லிக் கதையைக் கெடுப்பீர்கள். அதற்காக நாம் சண்டை பிடிப்போம். எனக்கு உங்கள் வயதில் பாதிக்குப் பாதி கூட இல்லை. ஆனாலும் பாடசாலையில் யாரோடும் எனக்கு அப்படி ஒரு சண்டை வாய்த்ததில்லை.

ஒரு நாள் கனடாவிலிருந்து உங்கள் தம்பி தொலைபேசியில் பேசினார். அவர் வாலிபத்தில் போனவர். உங்கள் அம்மா இறந்தபோது வராதவர். அதற்குப் பிறகு நீங்கள் அவரோடு பேசவே இல்லை என்று அம்மா எனக்கு முன்பே சொல்லியிருந்தாள். அவர் கொச்சியில் ஒரு உல்லாசக் கப்பலில் ஏறுகிறாராம். அது கொழும்புக்கு வந்து, மாலைதீவு போய்த் திரும்புமாம். உங்களுக்கும் துணைக்கு ஒருவருக்கும் இடம் போட்டிருக்கிறாராம்.

"ஏன், இங்க வந்தா என்னவாம்?" என்று நான் கேட்டேன்.

"இந்த வீட்டுப் படியேற அவனுக்கு முகமில்லையாம். எனக்கும் அவன் வீட்டுக்குப் போக விருப்பமில்ல. நடுக்கடல்ல ரெண்டு பேருக்கும் வீடில்ல பாரு" என்றீர்கள். சிரித்துக்கொண்டுதான் சொன்னீர்கள். ஆனால் அன்று மாலை தேத்தண்ணீரை ஆறவிட்டுக் குடிக்காமலே கழுவி வைத்தீர்கள்.

துணைக்கு நான் வருவதாக முடிவானது. எனக்குப் பாடசாலை விடுமுறை. கப்பல் பயணம் பற்றிக் கிடைத்ததை எல்லாம் அம்மாவின் போனில் வாசித்துத் தள்ளினேன். பிறகு நாம் இருவரும் கடை கடையாக ஏறினோம். நான் ஒன்றைச் சொல்ல, நீங்கள் அதற்கு எதிராக ஒன்றைச் சொல்வீர்கள்.

"ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஒரு நாள் நல்ல உடுப்பு உடுக்கணும் ஆன்ட்டி."

"என்ட காஞ்சிபுரம் சீலைய விட நல்ல உடுப்பு அந்தக் கப்பல்ல யார்கிட்ட இருக்கு?"

"நீச்சல் உடுப்பும் கொண்டு போகலாம்னு போட்டிருக்கு."

"நான் மகாவலியிலயே கால் மட்டும் நனைச்சவ. சும்மா வா."

குமட்டலுக்கு மாத்திரை வாங்கினோம். அதை நம்பாமல் இஞ்சி டொபியும் வாங்கினீர்கள். கற்பூரமும் வேண்டும் என்றீர்கள், அது வேண்டாம் என்று தடுத்தேன். தம்பிக்குப் பிடிக்கும் என்று கித்துள் கருப்பட்டி வாங்கினீர்கள். வாங்கிய கையோடு, "அவனுக்கில்ல, வழியில நம்ம சாப்பிட" என்றீர்கள்.

உங்களுக்குச் சர்க்கரை வியாதி. காலையிலும் இரவிலும் சாப்பாட்டுக்கு முன் ஊசி போட்டாக வேண்டும். அந்த மருந்தையும் ஊசிகளையும் வாய் அகன்ற ஒரு சின்னப் பிளாஸ்கில், ஐஸுக்கு மேல் துணி சுற்றி வைத்தோம். டாக்டரின் கடிதத்தோடு அந்தப் பிளாஸ்கை நானே உங்கள் கைப்பைக்குள் வைத்தேன். கப்பலில் பெரிய பெட்டியைத் துறைமுகத்திலேயே வாங்கிவிடுவார்கள், அது அறைக்கு வந்து சேர இரவாகலாம், ஆகவே முதல் நாளைக்கு வேண்டியதெல்லாம் கையிலேயே இருக்க வேண்டும் என்று விளக்கினேன். "சரி டீச்சர்" என்றீர்கள்.

அந்தச் "சரி"யை நான் நம்பினேன். நீங்கள் கலஹாவில் பிறந்து, பஸ்ஸிலேயே வளர்ந்தவர் என்பதை யோசிக்கவில்லை. கலஹா பஸ்ஸிலோ ஹேவாஹெட்ட பஸ்ஸிலோ வந்து கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்தில் இறங்குகிற எந்தப் பெண்ணும் கைப்பையில் பெறுமதியான எதையும் வைப்பதில்லை. நெரிசலில் பையைப் பிளேடால் கீறிவிடுவார்கள். டிக்கட் காசும் கைக்குட்டையும் மட்டும்தான் கைப்பைக்கு. நகை, பத்திரம், மருந்து எல்லாம் பெரிய பெட்டியின் அடியில், சீலை மடிப்புக்குள், பூட்டு போட்டு. உங்கள் அம்மா அப்படிச் செய்தார், நீங்கள் அப்படிச் செய்தீர்கள், என் அம்மாவும் அப்படித்தான் செய்கிறாள்.

முதல் நாளே கொழும்புக்கு இறங்கி என் சித்தி வீட்டில் தங்கினோம். காலையில் அப்பா நம்மைத் துறைமுக வாசலில் விட்டுவிட்டுப் போனார். பெட்டிகளில் அறை எண் எழுதிய அட்டையைக் கட்டி, சுமை தூக்குபவர்களிடம் கொடுத்தோம். அவை ஒரு தள்ளுவண்டியில் ஏறி மறைந்தன. கூடத்தில் கதிரை பிடித்து உட்கார்ந்த பிறகு, ஐஸ் உருகியிருக்குமா என்று பார்க்க உங்கள் கைப்பையைக் கேட்டேன். அது மிக லேசாக இருந்தது.

"பிளாஸ்க் எங்க ஆன்ட்டி?"

"பத்திரமா இருக்கு."

"எங்க?"

"பெரிய பெட்டியில. அடியில, நீலச் சீலைக்குள்ள. காலைல ஊசி போட்டதும் மாத்திட்டேன். இந்தச் சனத்துக்குள்ள எவன் கைய விடுவான்னு தெரியாதுல்ல."

நான் தள்ளுவண்டி போன கதவைத் திரும்பிப் பார்த்தேன். ஏன் என்று முதலில் உங்களுக்கு விளங்கவில்லை. பிறகு நீங்களும் அந்தக் கதவைப் பார்த்தீர்கள். உங்கள் முகம் மெல்ல மாறியது.

கப்பல் நிறுவனத்துப் பெண்ணிடம் ஓடினேன். அவள் நல்லவள்தான். ஆனால் பெட்டிகள் எல்லாம் உள்ளே போய்விட்டன, ஒன்றைத் தேடி எடுக்க முடியாது, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அறை வாசலில் இருக்கும் என்றாள். சில வேளை இன்னும் பிந்தலாம் என்றும் சொன்னாள். திரும்பி வந்து உங்களிடம் சொன்னேன். ஊசி இல்லாமல் நீங்கள் சாப்பிட முடியாது. சாப்பிடாமல் நெடுநேரம் இருந்தாலும் உங்களுக்கு வேர்த்துக் கை நடுங்கும், நான் பார்த்திருக்கிறேன். கப்பல் கரையை விட்டுப் போன பிறகு அந்தப் பெட்டி வராமல் போனால்?

"வா புள்ள, வீட்டுக்குப் போயிருவோம்" என்றீர்கள். கருமபீடத்துக் குரல் அதில் இல்லை. "அவன் முகத்த பார்க்க எனக்குக் குடுத்து வைக்கல. அம்மா சாவுக்கு அவன் வரல. இப்ப நான் போகல. கணக்கு சரி."

நான் கப்பலைப் பற்றி எவ்வளவோ வாசித்திருந்தேன். அதில் எதுவும் அந்த நேரத்துக்கு உதவவில்லை. உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து உங்கள் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன். கண்ணாடிக்கு வெளியே கப்பல் ஒரு வெள்ளை மாடிவீட்டுத் தொடர் மாதிரி நின்றது. அதில் எங்கோ ஒரு மாடியில் உங்கள் தம்பி கரையைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்.

அப்போதுதான் ஒலிபெருக்கியில் உங்கள் பெயரைக் கூப்பிட்டார்கள்.

ஓர் அறைக்குக் கூட்டிப் போனார்கள். மேசை மேல் உங்கள் பெட்டி. பக்கத்தில் சீருடை போட்ட சிங்களப் பெண் அதிகாரி. படம் பிடிக்கும் இயந்திரத்தில் ஏதோ தெரிந்ததாம், பூட்டைத் திறந்து காட்டச் சொன்னார். உங்களிடமிருந்து திறப்பை வாங்கி நான்தான் பூட்டைத் திறந்தேன். மேலாகவே இருந்தது ஒரு வாழையிலைப் பொட்டலம். அதற்குள் ஒரு பெட்டி கற்பூரம், தீப்பெட்டி, நாலைந்து எலுமிச்சம்பழம்.

"அம்மா, இது ஏலாது" என்றார் அதிகாரி. "கப்பல்ல நெருப்பு ஒண்ணும் ஏலாது. ஏன் இது?"

நீங்கள் என்னைப் பார்க்காமல் அவரிடம் சொன்னீர்கள்: "புது வண்டியில ஏறினா கற்பூரம் காட்டணும் மிஸ். லொறிக்குக் கூட செய்றோம். இவ்வளவு பெரிசுக்குச் செய்யாம ஏறலாமா?"

"சக்கரத்துக்கு அடியிலயா தேசிக்காய் வைக்கப் போறீங்க? கப்பலுக்குச் சக்கரம் இல்லையே அம்மா." அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கற்பூரத்தையும் தீப்பெட்டியையும் ஒரு தட்டில் போட்டார். பழங்களையும் எடுத்தார்.

"தேசிக்காயுமா? அது நெருப்புப் பிடிக்குமா?"

நான் அந்தப் பேச்சு முடியும் வரை நிற்கவில்லை. கையை உள்ளே விட்டு, நீலச் சீலையின் மடிப்பைத் தேடி, பிளாஸ்கை வெளியே எடுத்தேன். குலுக்கிப் பார்த்தேன். ஐஸ் இன்னும் முழுதாக உருகவில்லை. டாக்டரின் கடிதத்தைக் காட்டினேன். அதிகாரி வாசித்துவிட்டு, "இத கையில வைங்க. பெட்டியில வைக்கிற சாமானா இது?" என்று என்னைத்தான் கண்டித்தார். எனக்கு அந்தக் கண்டிப்பு அவ்வளவு பிடித்திருந்தது. சிரித்துக்கொண்டே கண்ணீர் விட்டேன்.

வெளியே வந்ததும் நீங்கள் பிளாஸ்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "பார்த்தியா, கற்பூரம் வேணாம்னு சொன்னியே. அது இல்லாட்டி கூப்பிட்டிருப்பாங்களா?" என்றீர்கள். நான் பிளாஸ்கை வாங்கி உங்கள் கைப்பைக்குள் வைத்து இழுத்து மூடினேன்.

அன்று இரவு சாப்பாட்டுக் கூடத்தில் உங்கள் தம்பி வாசலிலேயே காத்து நின்றார். தலை முழுக்க நரைத்திருந்தது. "அக்கா" என்றார். "சாப்பிடலாம், வா" என்றீர்கள். கதிரையில் உட்கார்ந்ததும் நீங்கள் பிளாஸ்கைத் திறந்து, சீலைத் தலைப்பின் மறைவில் ஊசியைத் தயார் பண்ணினீர்கள். நிமிர்ந்து பார்த்தால், எதிரே அவரும் சட்டைப் பையிலிருந்து பேனா மாதிரி ஓர் ஊசியை எடுத்துத் தன் வயிற்றுப் பக்கம் கொண்டு போய்க்கொண்டிருந்தார்.

இருவர் கையும் பாதியிலேயே நின்றுவிட்டது.

"உனக்குமா?" என்றீர்கள்.

"எனக்கும்தான். ரொம்ப நாளா."

"அப்பா சொத்துன்னு நமக்குப் பங்கு வந்தது இது ஒண்ணுதான்டா" என்றீர்கள். அவர் சிரிக்கத் தொடங்கினார். நீங்களும் சிரித்தீர்கள். பரிமாற வந்தவர் தட்டுகளோடு காத்து நின்றார், உங்கள் சிரிப்பு முடியவில்லை. கருப்பட்டி அவருக்குத்தான் போனது. அதை அவர் தினமும் ஒரு துண்டு மட்டும் கடித்துக்கொண்டு, நீங்கள் பார்க்கிறீர்களா என்று பார்ப்பார்.

இந்த மழைக்காலத்தில் நீங்கள் போய்விட்டீர்கள். பெரிய நோவு ஒன்றும் இல்லை என்றார்கள். நான் அழுதேன். ஆனால் அந்த அழுகைக்குள் ஓர் இளைப்பாறுதல் இருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை, உங்களிடம் சொல்லலாம். துறைமுகத்திலிருந்து அன்று நாம் திரும்பி வந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். நாம் திரும்பி வரவில்லை.

உங்கள் தம்பி வந்தார். முகமில்லை என்று சொன்ன அந்தப் படியில், ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறினார். காரியங்கள் முடிந்து எல்லோரும் போன பிறகு, அம்மா அவருக்குச் சாப்பாடு கொண்டு போகச் சொன்னாள். நான் மேலே போனபோது அவர் உங்கள் சமையலறையில் நின்றார். குளிர்பெட்டியைத் திறந்து, கதவுத் தட்டில் உங்கள் மருந்து இருந்த இடத்தில், யாரிடமும் கேட்காமல், தன்னுடையதை வைத்தார். இரவுக்கும் நாளைக் காலைக்குமாக. பிறகு கதவை மூடினார்.

அந்தக் கதவு மூடிய சின்னச் சத்தத்தைத்தான், ஆன்ட்டி, நான் இன்னும் வைத்திருக்கிறேன்.