ராணி படத்துக்குப் பக்கத்தில் நான் நின்ற காரணம்

தோர்ண்டன் ஹீத், லண்டன்
14.11.2009, சனிக்கிழமை

அன்பு மகள் சுவர்ணாவுக்கு,

பொஸ்ரனில் குளிர் தொடங்கியிருக்கும், நீ உடம்பைக் கவனித்து நன்றாக இருக்க வேண்டும் என்று விம்பிள்டன் பிள்ளையாரை மன்றாடிக்கொண்டு எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் இருக்கிறோம். சுகம் என்று எழுதக் கை வரவில்லை, இருக்கிறோம் என்று எடுத்துக்கொள். நீ கோபித்துப் போனை வைத்த பிறகு உன் குரலே இல்லை. அன்றைக்கு அந்த மண்டபத்தில் யார் யார் நின்றவர்கள், ஒருத்தர்கூட உங்களைத் தடுக்கவில்லையா என்று கேட்டாய், பதில் சொல்லுமுன் வைத்துவிட்டாய். இப்போது சொல்கிறேன். பிரித்தானியப் பிரசாவுரிமைக்குச் சத்தியம் வாங்கிய அந்தக் கவுன்சில் மண்டபத்தில் எங்கள் ஆட்கள் ஐந்து பேர். நான், சக்கர நாற்காலியில் உன் அப்பா, அவருடைய தங்கை உன் சந்திரவதனா மாமி, படம் எடுத்த மாமியின் மகன் நிஷாந்தன், கார் ஓட்டி வந்த மேல்வீட்டுச் சண்முகராசா அண்ணை. ஒருத்தரும் தடுக்கவில்லை. சண்முகராசா அண்ணை ஜேர்மனியிலும் பிரான்சிலும் இருந்துவிட்டு இங்கே வந்தவர், நான் ரண்டு நாட்டுக்காரனாய் இருந்து பாத்திட்டன் வேதவல்லி, ஒரு நாட்டுக்காரனும் இன்னும் என்னை ஒரு நேரச் சாப்பாட்டுக்குக் கூப்பிடேல்லை என்று சொல்லி என்னைச் சிரிக்க வைக்கப் பார்த்தார். கடவுள் பெயரால் சத்தியம் செய்கிறவர்கள் ஒரு பக்கம், கடவுளைச் சொல்லாமல் உறுதிமொழி மட்டும் சொல்கிறவர்கள் ஒரு பக்கம் என்று பிரித்தார்கள். நான் கடவுளைச் சொல்லாத பக்கம் போய் நின்றேன். என்ன மச்சாள், வெள்ளி தவறாமல் விரதம் பிடிக்கிற ஆள் பிள்ளையாரைக் கைவிட்டிட்டு ராணியை மட்டும் பிடிச்சிட்டியள் என்று மாமி பகிடி பண்ணினா. பிள்ளையாரை இந்த வேலைக்குச் சாட்சி வைக்க எனக்கு விருப்பமில்லை, அவ்வளவுதான். ராணிப் பாட்டுக்கு எல்லோரையும் எழும்பச் சொன்னார்கள். உன் அப்பா ஒருவருக்குத்தான் எழும்ப ஏலவில்லை. அந்த மண்டபத்திலேயே ராணிக்கு எழும்பாத ஒரே ஆள் அவர். அம்மப்பா இருந்து பார்த்திருந்தால் மருமகனைக் கட்டிப்பிடித்திருப்பார். பிறகு சங்கிலி போட்ட மேயர் வந்து எந்த நாடு என்று கேட்டார், சிலோன் என்றேன், தன்னுடைய பெரியப்பா அங்கே தேயிலைத் தோட்டத்தில் துரையாக இருந்தவராம், அருமையான தேயிலை என்றார். நான் சிரித்து ஓம் என்று தலையாட்டினேன். அந்த நேரத்தில், ராணி படத்துக்குப் பக்கத்தில் நான் நிற்க எடுத்த படத்தைத்தான் நிஷாந்தன் பேஸ்புக்கில் போட, நீ அங்கே கண்டாய்.

அந்த நாள் அம்மப்பாவின் திதி என்றும் சொல்லிக் குத்தினாய். அது உண்மை. கவுன்சில் கடிதம் வந்ததும் யாழ்ப்பாணத்துப் பஞ்சாங்கத்தைப் பார்த்துத் திதி மறுநாள் என்று கண்டுதான் அந்தத் திகதிக்கு ஓம் என்றேன். இத்தனை வருடம் அந்தப் பஞ்சாங்கப்படிதான் செய்து வந்தேன். முதல் நாள் கோயிலுக்குப் போன் எடுத்து மோட்ச அருச்சனைக்குச் சொன்னால் ஐயர் சொல்கிறார், அம்மா அது ஊர்க் கணக்கு, லண்டன் நேரப்படி பார்த்தால் திதி நாளைக்கே வந்திடுது என்று. மாற்றக் கேட்டோம். இதை விட்டால் இனி அடுத்த மாதம் என்று கவுன்சிலில் சொல்லிவிட்டார்கள். எனக்கு ஒரு மாதம் விட ஏலாது. காலையில் ஒன்றும் சாப்பிடாமல் போய் ராணிக்கு விசுவாசம் சொல்லிவிட்டு, அதே சேலையோடு அரிசியும் காய்கறியும் கொண்டுபோய்க் கோயிலில் கொடுத்து அம்மப்பாவின் பெயர் நட்சத்திரம் சொன்னேன். ஐயர் ஒன்றும் கேட்கவில்லை. நீதான் கேட்கிறாய்.

உன் கோபம் திதிக்காக இல்லை என்று எனக்குத் தெரியும் பிள்ளை. வசந்தத்தில் வரப்போகிற, அமெரிக்கச் சுதந்திரப் போரைப் பற்றிய உன் புத்தகத்தின் முகவுரையைப் போன வருடம் நீதான் எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டினாய். என் தாய் இருபது வருடத்துக்கு மேலாக லண்டனில் வாழ்ந்தும் முடிக்கு விசுவாசம் சொல்ல மறுத்தவர், அமெரிக்கக் குடியேறிகள் துவக்கால் சுட்டுச் செய்ததை அவர் ஒரு கையெழுத்தைப் போடாமல் விட்டே செய்தார் என்று. கேட்க எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். இப்போது அந்தப் படத்தை எடுக்கச் சொல்லி நிஷாந்தனுக்கு எழுதியிருக்கிறாய். அவன் எடுத்துவிட்டான். மாமி, அமெரிக்காவிலை இருக்கிற மகாராணி லண்டன் மகாராணியை இறக்கச் சொல்லிப்போட்டா என்று என்னிடம் வந்து சிரிக்கிறான். உன் முகவுரை பொய்யாகாமல் இருக்க நான் சாகும்வரை அகதிப் பத்திரத்தோடு இருக்க வேண்டுமோ? நீ பிரித்தானியப் பாஸ்போட் எடுக்கும்போது சின்னப்பிள்ளை. உனக்கும் சேர்த்து உன் அப்பா சொலிசிட்டருக்கு முன்னால் போய்ச் சத்தியம் பண்ணினார். அதே பாஸ்போட்டில்தான் பொஸ்ரனுக்குப் படிக்கப் போனாய். இப்போது அமெரிக்கக் கொடிக்குக் கை தூக்கிச் சத்தியமும் பண்ணிவிட்டாய். வீட்டில் மிச்சமாக இருந்தவள் நான் ஒருத்திதான். எல்லோருடைய மானத்தையும் என் தலையில் வைத்துவிட்டுப் போய்விட்டீர்கள்.

அம்மப்பாவைப் பற்றி நீ வாசகசாலைகளில் தேடித் தேடி எழுதியிருக்கிறாய். அந்தக் காகிதங்களில் இல்லாததை நான் சொல்கிறேன். முப்பத்தோராம் ஆண்டு, வெள்ளைக்காரன் தருகிற அரைகுறைச் சுயராச்சியம் வேண்டாம், முழுச் சுதந்திரம் தா என்று யாழ்ப்பாணத்து இளைஞர்கள் சட்டசபைத் தேர்தலைப் பகிஷ்கரித்தபோது என் ஐயா, உன் அம்மப்பா, சைக்கிளில் ஊரூராகப் போய்ச் சனத்தோடு கதைத்தவர். ஒருத்தரும் மனுப்போடாமல் சட்டசபையில் எங்களுக்கிருந்த நாலு கதிரையும் வெறுமையாகக் கிடந்தது. அதற்குப் பிறகு கூடத் திரிந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்க் கதிரையிலும் உத்தியோகத்திலும் இருந்துவிட்டார்கள். ஐயா மட்டும் கச்சேரியில், அரசாங்க அலுவலகத்தில், கிடைத்த கிளாக்கர் வேலையை முடிக்குக் கீழே வேலை செய்ய மாட்டேன் என்று எழுதிக்கொடுத்துவிட்டு வந்தார். என் அம்மா ஆறு பேரின் வயிற்றைப் பார்க்கத் தோடு மூக்குத்தி வரை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கொடுத்தா. சுதந்திரம் வந்த அன்றைக்கு ஐயா வெளுத்த கதர் கட்டி எங்கள் எல்லோருக்கும் சர்க்கரைப் பொங்கல் பரிமாறினாராம். வெள்ளைக்காரன் போன பத்தாம் வருடம், கொழும்பில் அச்சுக்கூடத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர், தமிழரை அடித்த கலவரத்தில் உடுத்த உடுப்போடு அகதிக் கப்பலில் வந்து காங்கேசன்துறையில் இறங்கினார். எனக்கு அப்போது பதினைந்து வயது. அன்றோடு என் படிப்பு நின்றது. ஐயா அதற்குப் பிறகு வெள்ளைக்காரனை ஏசவுமில்லை, சுதந்திரத்தைப் பற்றிக் கதைக்கவுமில்லை. ஆனால் அவர் முடிக்குத் தலைகுனியவில்லை என்பது மட்டும்தான் எங்கள் வீட்டில் மிஞ்சிய சொத்து என்று நான் இவ்வளவு காலமும் காவல் காத்தேன். அதற்கு நான் கொடுத்த விலையை நீ முகவுரையில் போடவில்லை. சமாதான காலத்தில் ஊரே பாஸ்போட்டோடு போய்வந்தபோது கிளிநொச்சியில் என் அம்மா செத்தா. அகதிப் பத்திரத்தில் சொந்த நாட்டுக்குப் போக விடமாட்டார்கள், எனக்குப் போக ஏலவில்லை. தம்பி பாஸ்கரன் தனியே நின்று கொள்ளி வைத்தான், அவன் பிடித்த போனில் நான் இங்கே குசினி அடுப்படியில் நின்று அழுதேன்.

உன் அமெரிக்காக்காரரின் கதையையும், அச்சுக்கு முன் நீ அனுப்பிய பிரதியில், அகராதி வைத்துக்கொண்டு வாசித்து முடித்துவிட்டேன். எங்களுக்குக் கதிரை இல்லாத பாராளுமன்றத்துக்கு வரி கட்ட மாட்டோம் என்றார்கள், தேயிலையைக் கடலில் கொட்டினார்கள், அரசனின் சிலையை உருக்கிக் குண்டு வார்த்தார்கள். கெட்டிக்காரர்தான். ஆனால் பிரான்சுக்காரனின் கப்பல் அவர்களுக்கு உதவிக்கு வந்ததையும் நீயேதான் எழுதியிருக்கிறாய். அந்த நிலத்துச் சொந்தக்காரரைக் கலைத்துவிட்டுத்தான் சுதந்திரம் சுதந்திரம் என்று கத்தினார்கள் என்பதையும் எழுதியிருக்கிறாய். வென்றவர்களின் பிடிவாதத்துக்குப் பெயர் வீரம். தோற்றவர்களின் பிடிவாதத்துக்கு என்ன பெயர் என்று உன் புத்தகத்தில் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. சித்திரை மாதம் வன்னியில் சண்டையை நிறுத்தச் சொல்லி நாங்களும் இங்கே பாராளுமன்றத்துக்கு முன்னால் றோட்டில் கிடந்தோம். ஒரு கப்பலும் வரவில்லை.

வைகாசியில் எல்லாம் முடிந்த பிறகு தம்பியின் பெண்சாதி குமுதினி செட்டிகுளம் முகாமிலிருந்து யாரோ ஒருவரின் போனில் கதைத்தாள். ஓமந்தைச் சோதனைச்சாவடியில் ஆமிக்காரர் தம்பியைப் பஸ்ஸால் இறக்கி, விசாரித்துவிட்டு அனுப்புவோம் என்று வேறு பஸ்ஸில் ஏற்றினார்களாம். கூட்டுறவுச் சங்கத்தில் மனேச்சராக இருந்த அறுபது வயதுக் கிழவனிடம் விசாரிக்க என்ன இருக்கிறது? அதன் பிறகு ஒரு தகவலும் இல்லை. மச்சாள், நான் கம்பிக்குள்ளை இருந்துகொண்டு ஆரிட்டைப் போய்க் கேக்கிறது, நீங்கள் ஆராவது வெளியிலை இருந்து வாங்கோவன் என்று அவள் அழுததைக் கேட்ட அன்றுதான் பிரசாவுரிமைக்கு எழுதச் சொன்னேன். பிரிட்டிஷ் பாஸ்போட்டோடை வாற ஒரு வயதுபோன மனிசியை வாசலிலை வைச்சுக் கலைக்க ரண்டு தரம் யோசிப்பாங்கள் என்று சண்முகராசா அண்ணை சொன்னார். அது எவ்வளவு தூரம் சரியோ தெரியாது. அதற்குக் கட்டிய காசை என் கணக்குக் கொப்பியில் எந்தத் தலைப்பில் எழுதுவது என்று யோசித்துத் தம்பியைத் தேடும் செலவு என்று எழுதினேன். எங்கள் ஊருக்குள் எங்கள் ஆளைத் தேடிப் போக வெள்ளைக்காரனின் அட்டை வேண்டியிருக்கிறது. ஐயாவின் சைக்கிளும் அந்த நாலு வெறுங்கதிரையும் வந்து நிற்கிற இடம் இதுதான். முடிந்தால் இதை உன் முகவுரையில் எழுது. முடியாவிட்டால் என்னை அதிலிருந்து எடுத்துவிடு, நான் கோபிக்க மாட்டேன்.

போனில் உன்னிடம் கேட்க வந்தது இதுதான், நீ விடவில்லை. பாஸ்போட் அடுத்த கிழமையளவில் வந்துவிடும். மார்கழி நடுவில் நான் கொழும்புக்குப் போய் அங்கிருந்து வவுனியாவுக்குப் போகிறேன். தம்பி எந்த முகாமில், எந்தத் தடுப்புக் காவலில் இருக்கிறான், இருக்கிறானா என்று படி படியாக ஏறிக் கேட்கப் போகிறேன். அப்பாவைத் தனியே விட ஏலாது. இரத்தம் சுத்தம் பண்ண கிழமைக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரி வான் வரும், விடிய எழுப்பி வெளிக்கிடுத்த வேண்டும். மரக்கறியை அவித்து அந்தத் தண்ணீரை வடித்து ஊற்றிவிட்டுத்தான் சமைக்க வேண்டும், வாழைப்பழமும் தேங்காய்ப்பாலும் கண்ணிலும் காட்டக் கூடாது. மாமிக்கு ஷிப்ட், பகலில் எட்டிப் பார்ப்பா, இரவில் நிற்க ஏலாது. பிள்ளையைக் கரைச்சல் படுத்தாதை, நான் சமாளிப்பன் என்று அப்பா சொல்கிறார். சொன்னவர் போன மாதம் குளியலறையில் விழுந்து மாமி வரும்வரை கிடந்தார், அதை உனக்குச் சொல்ல வேண்டாம் என்று மறித்தவரும் அவர்தான். உனக்கு யூனிவர்சிட்டி லீவு வருகிறதுதானே, மூன்று கிழமை வந்து அவரோடு நில். என்னோடு கதைக்க விருப்பமில்லாவிட்டால் நான் வெளிக்கிட்ட அன்று வந்து நான் திரும்பி வருகிற அன்று போய்விடு, வீட்டுச் சாவியை மாமியிடம் கொடுத்து வைப்பேன். நீ வராவிட்டால் நான் போக ஏலாது. நான் போகாவிட்டால் தம்பியைத் தேட உலகத்தில் வேறு ஒருத்தரும் இல்லை.

வெறும் வயிற்றில் கோப்பி குடித்துக்கொண்டு இரவிரவாக எழுதாதே, உனக்கு நெஞ்செரிவு இருக்கிறது. காதை மூடித் தொப்பி போட்டுக்கொண்டு வெளியே போ. என்ன கோபமிருந்தாலும் நீ நான் பெற்ற பிள்ளை, பிள்ளையார் உனக்கு ஒரு குறையும் வைக்கக் கூடாது. அப்பாவும் உன்னை ஆசீர்வதிக்கிறார். பிளேன் ரிக்கற்றுக்கு இந்த மாத முடிவுக்குள் சொல்ல வேண்டும். வருகிறாயா இல்லையா என்று கெதியாகப் பதில் போடு.

உன் அம்மா,
வேதவல்லி