விட்டுப்போனதாகச் சொன்ன ஒரு வரி

பிரியமுள்ள அண்ணே,

அங்கேயாவது அடுப்புப் புகை இல்லாமல் இருக்கிறாயா?

நீ கண்ணை மூடி மூன்று மாதம் ஆகிறது. நீ பட்லராக இருந்த மில் துரை தன் தேசத்துக்கே கிளம்பிவிட்டார், பங்களா பூட்டிக் கிடக்கிறது. என் பேத்தி வள்ளி ஆறாம் வகுப்புக்குப் போகிறாள். நம் வீட்டில் ஐந்தைத் தாண்டியவள் அவள்தான். இந்தக் கடிதமே அவளால்தான்.

போன வாரம் உன் தகரப்பெட்டியைத் துடைத்தோம். அடியில் அந்தத் தாள் இருந்தது. உலகச் சண்டையில் கப்பல் நின்று பீர் பாட்டில் வராமல் போனபோது, வீட்டிலேயே காய்ச்சத் துரை செய்முறை சொல்ல, மில் குமாஸ்தா தமிழில் எழுதிக் கொடுத்த தாள். உனக்கு எழுத்துத் தெரியாது. அங்கே பாத்திரம் தேய்த்த நான்தான் அடுப்படியில் நின்று வாசிப்பேன், நீ செய்வாய்.

முதல் தடவை தாளில் இருந்தபடியே செய்தோம். பார்லிச் சாறு கொதித்ததும், பீருக்குக் கசப்பும் வாசமும் கொடுக்க ஹாப்ஸ் என்று துரை டின்னில் வைத்திருந்த காய்ந்த பூவை அளவு முழுவதும் கொட்டி ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டாய். அந்த வாசனை வாசல் கேட்டில் நின்ற காவல்காரர் வரைக்கும் போனது. பதினைந்து நாள் கழித்துக் குடித்த துரை, பாதித் தம்ளரில் வைத்துவிட்டார். கசப்பு இருக்கிறது, பூ வாசம் எங்கே என்று கேட்டார். அடுத்ததும் இப்படி வந்தால் வேறு ஆள் பார்ப்பதாகச் சொன்னார். அன்று நீ சாப்பிடவில்லை.

வாசம் எங்கே போனது என்று எனக்குத் தெரியும். கேட் வழியாகப் போய்விட்டது. ரசம் நுரை கட்டும்போது இறக்கி, கொத்தமல்லியைக் கிள்ளிப் போட்டு உடனே மூடுகிறோமே, எதற்கு? ஆனால் பாத்திரம் தேய்க்கிற தங்கச்சி சொன்னால் பட்லர் கேட்பாயா? தாளில் இருந்தால்தான் கேட்பாய்.

அதனால் இரண்டாம் தடவை, "பாதிப் பூவை முதலில் போடவும். மீதியை இறக்கும் நேரத்தில் போட்டு மூடவும்" என்று வாசித்தேன்.

"போன தடவை இப்படி வாசிக்கலையே?" என்றாய்.

"ஒரு வரி விட்டுப்போச்சுண்ணே."

நீ கரண்டியைக் கீழே வைத்தாய். "அஞ்சு படிச்சதுக்கு இம்புட்டுத்தானா? ஒத்த வரியால என் சோத்துல மண்ணள்ளிப் போடப் பாத்தியே."

தெருவில் யாருக்குக் கடிதம் வந்தாலும் என்னிடம்தான் கொண்டுவருவார்கள். தடுமாறாமல் வாசிப்பவள் என்று எனக்கு எம்புட்டுக் கர்வம், நீ அறியாததா? இருந்தும் வாயை மூடிக்கொண்டேன்.

அந்தப் பீரைத் துரை குடிக்காமல் மூக்கருகே வைத்துக்கொண்டே வெகுநேரம் நின்றார். பிறகு உன் தோளில் தட்டினார். உன் வேலை நிலைத்தது. அதற்கப்புறம் நம் சிம்மக்கல் பக்கம் சொந்தக்காரர் நாலு பேர் கூடினால் போதும், "என் தங்கச்சி ஒரு வரிய முழுங்கிட்டா, மாப்ள" என்று ஆரம்பிப்பாய். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரித்தேன், அண்ணே. உள்ளே எரியும்.

இப்போது வள்ளி தாளை வாசித்தாள். திருப்பிப் பார்த்தாள், வெளிச்சத்தில் பிடித்தும் பார்த்தாள். "அம்மாச்சி, தாத்தா சொல்ற வரி இதுல இல்லவே இல்லையே. நீ எதையும் விடல. பொய்யா சொன்ன?"

உன்னிடம் சொல்லாததை அவளிடம் எப்படி முதலில் சொல்வது? நீ உயிரோடு இருக்கும்போதே சொல்லியிருந்தால் சிரித்திருப்பாயா, கோபித்திருப்பாயா? இத்தனை வருசத்தில் ஒரு தடவைகூடத் தாளை வேறு யாரிடமும் கொடுத்து வாசிக்கச் சொல்லவில்லையா? பின்னே ஏன் அதைப் பத்திரமாக வைத்திருந்தாய்?

எல்லார் முன்னாலும் சிரித்தாய். அதனால் எல்லாரும் அறியவே எழுதுகிறேன்.

நேற்று பென்சில் எடுத்து, தாளில் "ஒரு மணி நேரம் கொதிக்கவிடவும்" என்பதற்குக் கீழே அந்த வரியை என் கையால் எழுதினேன். வள்ளி பார்த்தாள். ஒரு பிழை இல்லை. தாள் உன் பெட்டியிலேயே இருக்கும். இனி யார் அந்தக் கதையைச் சொன்னாலும் நிறுத்தமாட்டேன், முழுவதும் சிரிக்கவிடுவேன். பிறகு தாளை எடுத்து வாசித்து, பென்சிலில் இருக்கிற வரி என்னுடையது என்று காட்டுவேன். இது உனக்குக் கொடுக்கிற வாக்கு.

ஒரு வரியும் விடாத
உன் தங்கை,
பேச்சியம்மாள்