இரண்டு அங்குலத் தார்

ஏப்ரல் 12, சனி

பனி முழுவதும் உருகிவிட்டது. கராஜிலிருந்து தெரு வரை போகும் எங்கள் தார்ப்பாதை இந்த வருடம் இன்னும் மோசம். அடியில் மண் உறைந்து எழும்பி, தாரைப் பிளந்து, நடுவில் ஒரு கையகல வெடிப்பு. காலை பத்து மணிக்குத் தெருவோரப் பெட்டியிலிருந்து தபால் எடுத்து வருவது ஆர்லோவின் வேலை. என் வீட்டுக்காரனுக்கு மிச்சமிருக்கும் ஒரே வேலை. ஆக்ஸிஜன் சிலிண்டர் வைத்த தள்ளுவண்டியை நாய்க்குட்டி மாதிரி பின்னால் இழுத்துக்கொண்டு போவான். இன்று அதன் சக்கரம் வெடிப்பில் மாட்டியது. முழங்கால் அடிபட விழுந்தான்.

ஓடினேன். தொடாதே, மூச்சு வரட்டும் என்று கையைக் காட்டினான். மருந்து போடும்போது சிரிக்கிறான். "ஜனவரியில விழுந்தா ஐஸ் மேல பழி. இப்ப விழுந்தா தார் மேல பழி. என் மேல மட்டும் எப்பவும் கிடையாது, பாத்தியா வெர்லா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பாதை போடுகிறவரை வரச் சொல்லியிருக்கிறேன்.

ஏப்ரல் 17, வியாழன்

டேரில் ஸ்டாங் வந்தார். ஊரில் பாதி வீட்டுப் பாதைகள் அவர் போட்டவை. கடப்பாரையை வெடிப்பில் விட்டார். வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கியது. இரண்டு வழி என்றார். மேலே இரண்டு அங்குலத்துக்குப் புதுத் தார் போட்டு மூடலாம். இல்லையென்றால் எல்லாவற்றையும் பெயர்த்து, அடி ஜல்லியை மாற்றி, முதலிலிருந்து போடலாம்.

"மூடினா எத்தனை வருஷம் வரும்?" என்றேன்.

"அடி நல்லா இருந்தா பதினைஞ்சு. உங்களுக்கு அடியே போயிடுச்சே. ஏழு, மிஞ்சிப்போனா எட்டு. பழைய வெடிப்பு மெல்ல மேல வந்துடும். பெயர்த்துப் போட்டா இருபத்தஞ்சு வருஷம் திரும்பிப் பாக்க வேண்டாம்." தொப்பியைச் சரிசெய்துகொண்டு சாதாரணமாகக் கேட்டார். எல்லா வீட்டிலும் கேட்கிற கேள்விதான். "நீங்க இந்த வீட்டுல இன்னும் எத்தனை வருஷம் இருக்கப்போறீங்க?"

நான் ஆர்லோவின் மூக்குக் குழாயைப் பார்த்தேன். டேரிலும் அப்போதுதான் பார்த்தார். காது வரை சிவந்துவிட்டது.

"இருபத்தஞ்சு," என்றான் ஆர்லோ. "பெயர்த்துடுங்க."

யோசித்துச் சொல்கிறோம் என்று அனுப்பிவைத்தேன்.

ஏப்ரல் 18

ஆளுக்கொரு அறையில் இருந்தோம். புனித வெள்ளி. தேவாலயத்து மீன் வறுவல் விருந்துக்குக்கூடப் போகவில்லை.

ஏப்ரல் 24, வியாழன்

நுரையீரல் மருத்துவர். படத்தைத் திரையில் காட்டினார். நுரையீரலில் தழும்பு கீழிருந்து மேலே ஏறியிருக்கிறது. இன்னும் எவ்வளவு நாள் என்று ஆர்லோ நேராகவே கேட்டான். "இந்தக் கோடையைச் சந்தோஷமா கழிங்க," என்றார். இலையுதிர் காலம் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

காரில் வரும்போது சொல்கிறான்: "டேரிலுக்குப் போன் பண்ணு. பெயர்த்தே போட்டுடலாம்."

எனக்கு என்ன வந்ததோ. "யாருக்கு இருபத்தஞ்சு வருஷம், ஆர்லோ? யாரு நடக்கப்போறா அதுல?"

"நீ நடப்பே."

"நான் ஜோனிகிட்ட டூசானுக்குப் போறேன். வீட்டை வித்துட்டுப் போறேன். அவகிட்ட பேசியாச்சு."

சொல்லியிருக்கக் கூடாது. சொல்லியிருக்கவே கூடாது. பிப்ரவரியில் மகள் ஜோனியோடு பேசினேன், அவன் அடுத்த அறையில் தூங்கிக்கொண்டிருக்கும்போது. உயிரோடு இருக்கிறவன் வீட்டை விற்கத் திட்டம் போட்டவள் நான். என்ன மாதிரி மனுஷி?

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். வீடு வரும் வரை சிலிண்டரின் புஸ் புஸ் மட்டும்.

ஏப்ரல் 25

எனக்கு முன்னால் எழுந்து காப்பி போட்டு வைத்திருக்கிறான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மே 3, சனி

இன்று அவனே ஆரம்பித்தான். "பிப்ரவரியிலயே தெரியும். நான் தூங்கல."

கையிலிருந்த தட்டைக் கழுவிக்கொண்டே இருந்தேன். திரும்பவில்லை.

"கோபமில்ல. அந்த டூசான் பாலைவன வெயில்ல நீ கருவாடாயிடுவியேன்னுதான் கவலை."

"அப்புறம் எதுக்குப் பெயர்க்கணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறே?"

மூக்குக் குழாயைச் சரிசெய்துகொண்டான். "ஒரு மனுஷன் வாசல்ல நின்னு எத்தனை வருஷம்னு கேக்கறான். எட்டு போதும்னு சொல்ல வாய் வரல, வெர்லா. எட்டே ஜாஸ்தின்னு தெரிஞ்சும் வரல."

ஈரக் கையோடு அவன் தலையைப் பிடித்துக்கொண்டேன். பெயர்த்தே போடலாம் என்றேன். இருபத்தைந்தை அவனுக்குக் கொடுத்துவிடத் தோன்றியது. நடக்க ஆள் இல்லாவிட்டால் என்ன?

மே 5

டேரிலிடம் பேசினேன். முழுக்கப் பெயர்ப்பதென்றால் செப்டம்பரில்தான் முடியுமாம். மேலே மூடுவதென்றால் ஜூனிலேயே ஒருநாள் ஒதுக்குவாராம்.

ஆர்லோ அடுக்களை மேசையில் புளிப்பான ருபார்ப் கீரைத்தண்டு நறுக்கிக்கொண்டிருந்தான். சொன்னதும் கத்தி நின்றது.

"செப்டம்பரா?"

"ஆமா."

இரண்டு தண்டு நறுக்கினான். "மூடிடச் சொல்லு. ஜூன்லயே."

நாற்பத்தொரு வருடத்தில் அவன் எதையும் இவ்வளவு மெதுவாகச் சொன்னதில்லை. கராஜுக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன்.

ஜூன் 19, வியாழன்

பாதை போட்டார்கள். தெருவெல்லாம் தார் வாசனை. ஆர்லோ புல்வெளியில் நாற்காலி போட்டு நாள் முழுக்க மேற்பார்வை. "அந்த ஓரத்தை உருட்டாம விட்டுட்டான் பாரு!" என்று கத்துவதும் இருமுவதும். டேரில் போகும்போது சொன்னது: நாளைக்கு நடக்கலாம், வெயில் ஜாஸ்தி, அதனால் திங்கள் வரை வண்டி ஏற்றக் கூடாது. என் காரைத் தெருவில் நிறுத்தியிருக்கிறேன்.

ஜூன் 20

பத்து மணிக்குத் தபால் எடுத்து வந்தான். சக்கரம் எங்கும் மாட்டவில்லை. பல் மருத்துவமனை விளம்பரம் ஒன்றுதான் வந்திருந்தது. கோப்பை ஜெயித்தவன் மாதிரி தூக்கிக் காட்டினான்.

ஜூன் 24, செவ்வாய்

எழுதிவிடுகிறேன். சனிக்கிழமையும் தபாலுக்குப் போய் வந்தான். மதியம் சாப்பிடும்போது உதடு நீலமாகிவிட்டது. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். அது தெருவிலிருந்து எங்கள் பாதைக்குத் திரும்பியபோது வாசலில் நின்று இரண்டு கையையும் தூக்கினேன் — எதற்கு? தார் காயவில்லை, ஏறாதீங்க என்று சொல்ல. வாய் வரை வந்துவிட்டது. உள்ளே அவன் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருக்கிறான், நான் தாரைப் பற்றி — ஒரு நொடிதான். ஆனால் வந்ததே.

வண்டி ஏறியது. கால் மணி நேரம் நின்றது.

ஆர்லோ ஞாயிறு மதியம் போய்விட்டான். புதுப் பாதையில் இரண்டே தடவை நடந்தான்.

ஜூலை 8

ஜோனி ஊருக்குப் போனாள். அக்கம்பக்கத்தார் கொண்டுவந்த சாப்பாடெல்லாம் தீர்ந்தது. ஆம்புலன்ஸ் நின்ற இடத்தில் சக்கரம் அழுந்திய பள்ளங்கள். நேற்றைய மழை அதில் நிற்கிறது. டேரில் வந்து குந்தி உட்கார்ந்து பார்த்தார். "பணம் வேண்டாம் மேடம். சூடு காட்டி, கொஞ்சம் தார் போட்டு உருட்டிடறேன்."

"இருக்கட்டும்," என்றேன்.

ஆகஸ்ட் 15

பள்ளங்களைச் சுற்றி நடக்கிறேன். தபால் எடுக்கப் பதினொன்றுக்குப் போகிறேன். பத்துக்குப் போக முடியவில்லை.

செப்டம்பர் 21

வீடு விஷயம் என்ன ஆச்சு என்று ஜோனி கேட்டாள். இந்தக் குளிர்காலம் இங்கேதான் என்றேன். ஏன் என்றாள். எனக்கே தெரியவில்லை.

அக்டோபர் 27, திங்கள்

முதல் உறைபனி. தபால்காரி லுவான் ஒரு பார்சலை வாசலுக்குக் கொண்டுவந்தாள். பள்ளத்தில் நின்ற தண்ணீர் ஐஸாகியிருந்தது. கால் வழுக்கி, என் கார் கண்ணாடியைப் பிடித்து எப்படியோ நின்றுவிட்டாள். "ஒன்னுமில்ல வெர்லா, ஒன்னுமில்ல," என்றாள். பார்சலை என் கையில் திணித்துவிட்டுப் புல் ஓரமாகவே திரும்பிப் போனாள்.

உள்ளே வந்து டேரிலைக் கூப்பிட்டேன். குளிருக்குத் தார் ஆலையை மூடுகிறார்களாம், இந்த வருடத்தின் கடைசிச் சுடுதார் வெள்ளிக்கிழமையாம். வரட்டுமா என்றார்.

வாங்க என்றேன்.

அக்டோபர் 31

அரை மணி நேர வேலை. நான் வெளியே போகவில்லை. ரோலர் சத்தம் நின்ற பிறகு திரையை விலக்கினேன். பள்ளங்கள் எங்கே இருந்தன என்று கண்டுபிடிக்கக்கூட முடியவில்லை.

நவம்பர் 3, திங்கள்

காரை எடுத்தேன். அந்த இடத்தில் வழக்கம்போல் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தேன். சக்கரத்துக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. தெருமுனையில் ஓரமாக நிறுத்தி அழுதேன், வாய்விட்டு. பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, முட்டையும் பாலும் வாங்கப் போனேன்.