உன் நெஞ்சளவில் பன்னிரண்டு கவசங்கள்

போன சனிக்கிழமை கடையின் பின்பக்கத் தகரக் கொட்டகையில் ஒரு சாக்கை அவிழ்த்தேன். முதலில் வந்தது எலிப் புழுக்கை நாற்றம். அதற்குப் பின்னால் மற்றது. ரெசின். இத்தனை வருடம் கட்டிக் கிடந்தும் சாகாத நாற்றம். நகப்பூச்சை மண்ணெண்ணெயில் ஊற்றி, அதற்குள் பழைய மீனையும் ஊறப்போட்டது போல. வாயைத் துணியால் பொத்திக்கொண்டு வெறும் கையைச் சாக்குக்குள் விட்டேன். விடக்கூடாது என்று தெரியும், விட்டேன். இழுத்தெடுத்தபோது முழங்கைவரை கண்ணாடி முள்.

இன்றைக்கு ஐந்தாம் நாள், இன்னும் கடிக்கிறது. சவர்க்காரம் போட்டுத் தேய்த்தது முதல் பிழை. தேய்த்தால் உள்ளே போகும் என்று நீ சொன்னது மறந்துபோயிற்று. பிறகு நீ செய்வது போலவே ஒட்டுநாடாவை ஒட்டி ஒட்டிப் பிய்த்தேன். அரைவாசி வந்தது. மீதி இதை எழுதுகிற கையில் இருக்கிறது.

நீ போய் ஐந்து மாதம். செத்தவீட்டுக்கு வந்தேன். வாசல் படலையடியில் நின்ற எனக்கு யாரோ கதிரை கொண்டுவந்து போட்டார்கள். கால்மணித்தியாலம் இருந்துவிட்டு எழும்பி வந்தேன். முப்பத்தோராம் நாளுக்கு அடிக்கிற நினைவுப் புத்தகத்தில், கல்வெட்டில், போடுவதற்கு ஒரு பக்கம் எழுதித் தரும்படி உன் மகள் தொலைபேசியில் கேட்டாள். "மாமா, நீங்கள்தானே அப்பாவோடை கனகாலம் வேலை செய்தனீங்கள்" என்றாள். அதற்குமேல் அவளுக்கு ஒன்றும் தெரியாது என்று குரலிலேயே விளங்கியது. நான் என்ன செய்தேன் தெரியுமா? அலுமாரிக்குள் கிடந்த வேறொரு செத்தவரின் கல்வெட்டை எடுத்து, 'கலைக்காகவே வாழ்ந்து' என்று தொடங்கும் எட்டு வரியை, பெயரை மாத்திரம் மாற்றி அவளுக்கு வாசித்தேன். அவள் அழுதாள். நன்றி மாமா என்றாள். போனை வைத்துவிட்டுப் போய்க் கையைக் கழுவினேன்.

அச்சாகி வந்த புத்தகம் இன்னும் மோசம். அன்னாரின் கைபட்ட முகங்கள் மேடையில் ஒளிவீசின என்று ஒரு வாத்தியார் எழுதியிருக்கிறார். பள்ளிக்கூட நாடகத்துக்கு ஒப்பனை போட உன்னை அனுப்பவேண்டாம் என்று என் கடைக்கு வந்து சொன்ன அதே மனிதர். வாசித்து முடிக்க முடியாமல் மூடி வைத்தேன். அவரில் மட்டும் வந்த அரியண்டம் இல்லை அது. அவருக்கு அடுத்த பக்கத்தில் என் எட்டு வரி இருந்தது.

ஆகவே, இப்போது எழுதுகிறேன்.

உள்ளதைச் சொன்னால், மச்சான், நீ ஒரு ஊத்தையன். பத்து நகத்திலும் பத்து நிறம். தூரிகையை இடுப்பில் கட்டிய சாரத்தில் துடைப்பாய், அதே சாரத்தில் மூக்கையும் துடைப்பாய். தேத்தண்ணீர் குடிக்கிற பேணிக்குள் தின்னர் ஊற்றுவாய். தின்னர் ஊற்றிய பேணியைச் சும்மா ஒருதரம் அலசிவிட்டுத் தேத்தண்ணீர் கேட்பாய். உன்னோடு ஒரு மேசையில் இருந்து நான் ஒருநாளும் சாப்பிட்டதில்லை. ஒவ்வொரு முறையும் ஏதோ வேலை இருப்பதாகச் சொல்லி எழும்பிவிடுவேன். நீ அதைக் கவனிக்கவில்லை என்று அப்போது நினைத்திருந்தேன்.

நான் வெள்ளைச் சேட்டுக்காரன், சட்டையில் ஒரு கறை படவிடமாட்டேன். உரும்பிராயில் வாடகைக்குக் கதிரை கொடுக்கத் தொடங்கி, அதைச் சைக்கிளில் நானே ஏற்றி இறக்கி, பிறகு பந்தல், பிறகு மணவறைச் சோடனை என்று வளர்ந்தவன். மணவறைக்கு ஒரு மயில் கீற ஆள் தேடியபோதுதான் கரவெட்டியிலிருந்து நீ வந்தாய். மயில் உயிரோடு நின்றது. அன்றைக்கு முழுவதும் நீ மணவறையின் பின்பக்கத்துக்கும் நிறம் பூசிக்கொண்டிருந்தாய். பின்பக்கம் என்றால் சாக்கும், வளைந்த ஆணியும். அதை யாரடா படம் எடுக்கப்போகிறான் என்று ஏசினேன். நீ சிரித்துவிட்டு மிச்சத்தையும் பூசினாய்.

ஒப்பனை போடப் போகிற நாளில் மட்டும் நீ வேறு ஆள். கையை மூன்றுதரம் தேசிக்காய் போட்டுக் கழுவுவாய். வெற்றிலையைத் துப்பிக் கொப்பளித்து, கராம்பு ஒன்றை வாயில் போடுவாய். இரண்டு விரலால் ஒருவரின் நாடியைப் பிடித்து நிமிர்த்தினால் அவர் தன்பாட்டில் கண்ணை மூடிக்கொள்வார். வங்கி மனேச்சரும் மூடுவார், மீன் வியாபாரியும் மூடுவார். உன்னை ஊத்தையன் என்று சொன்ன ஊர், முகத்தை மட்டும் உன்னிடம் நம்பித் தந்தது. உனக்கு அது போதுமாயிருந்தது.

ஒன்பது வருடத்துக்கு முந்திய தவக்காலத்தில்தான் கரையோரக் கத்தோலிக்கப் பங்கு ஒன்றிலிருந்து இயேசுவின் திருப்பாடுகள் நாடகத்துக்கு உடுப்புக் கேட்டு வந்தார்கள். உரோமச் சேவகர் பன்னிரண்டு பேர். அதற்கு முந்திய வருடங்களில் நாங்கள் கொடுத்த மட்டைக் கவசங்கள், மூன்றாம் நாள் வியர்வையில் தேத்தண்ணீரில் தோய்த்த பாண் மாதிரி ஆகிவிடும். இந்த முறை உறுதியாகச் செய்வோம், பிறகு வருடா வருடம் வாடகைக்கு விடலாம் என்று கணக்குப் போட்டேன். வள்ளம் திருத்துபவர் ஒருவரிடம் போய் ரெசினும், வெள்ளைப் பாய் போலச் சுருட்டி வைத்திருந்த கண்ணாடி நாரும் வாங்கி வந்தோம்.

அச்சுக்கு ஒரு உடம்பு வேண்டும். நீ பெனியனைக் கழற்றிவிட்டு மர வாங்கில் மல்லாந்து படுத்தாய். உன் நெஞ்சில் பொலித்தீனைச் சுற்றி, கோதுமைமாப் பசையில் தோய்த்த கடதாசியை அடுக்கடுக்காக ஒட்டியது நான்தான். அருகே வரவே கூசியது. வியர்வை, வெற்றிலை, தொப்புளுக்குள் பழைய நீலப் பெயின்ற். "கெதியாய் ஒட்டு, வயித்தை எக்கிக்கொண்டு கனநேரம் கிடக்கேலாது" என்றாய். எக்கியும் இவ்வளவோ என்று கேட்டேன். நீ சிரித்ததில் ஒட்டியதெல்லாம் வெடித்து, திரும்ப ஒட்டவேண்டி வந்தது. அதனால் உரோமச் சேவகர் அத்தனை பேருக்கும் உன் வயிறு. ஏணி தூக்கித் தூக்கி இறங்கிப்போன உன் இடத்தோளும்.

அந்த அச்சின்மேல் நனைந்த மட்டையைப் படியவைத்துக் காயவிட்டு, வெளியே கயிறும் சோடாமூடியும் ஒட்டி வெள்ளிப் பூச்சு அடித்தாய். வடிவு கெடாமல் இருக்கவேண்டும் என்று உறுதியை உட்பக்கம் கொடுத்தோம். நாரை வெட்டி உள்ளே பரப்பி, ரெசினில் அதை இறுகவைக்கிற ஹாட்னரைச் சொட்டுச் சொட்டாகக் கலந்து, காற்றுக்குமிழ் போகத் தூரிகையால் குத்திக் குத்திப் படியவைத்தாய். ஒருமுறை ஹாட்னர் கூடி, உன் தேத்தண்ணீர்ப் பேணி புகைந்து உருகியே போயிற்று. கையுறை நான் வாங்கித் தரவில்லை. கிழமை முடியும்போது உன் இரண்டு கையிலும் முழங்கைவரை சிவப்புத் தடிப்பு. சொறிந்து சொறிந்து புண்ணாகியிருந்தது.

இறுகின பிறகு தட்டிப் பார்த்தேன். மரம் மாதிரி. ஆனால் உட்பக்கம் முழுக்க நார் முள்ளாக நின்றது. அரத்தாளால் உரசி, மேலே தடித்த துணி ஒட்டவேண்டும் என்றாய். துணியும் வாங்கித்தான் வைத்திருந்தோம். அந்தக் கிழமை இணுவிலில் ஒரு கலியாணம். மணவறைக்குக் கீழ்ச்சுருக்கு வைக்கத் துணி போதாமல் போக, அதை எடுத்து அங்கே அடித்துவிட்டேன். உரசுவதற்கும் நாள் இல்லை.

"துணி போடாமல் ஒருத்தன்ரை மேலிலையும் ஏத்தாதை" என்றாய்.

"உள்ளுக்கு ஆரடா பாக்கப் போறான்?"

"பாக்கமாட்டினம் மச்சான். போடப்போகினம்."

நான் கவசங்களை வாகனத்தில் ஏற்றினேன்.

மெல்லிய சட்டைக்குமேல் அவற்றைக் கட்டிக்கொண்டு பன்னிரண்டு பேரும் மேடை விளக்குச் சூட்டில் இரண்டு மணித்தியாலம் நின்றார்கள். முதலில் ஒருவன் தோளை அசைத்தான். தீர்ப்புக் காட்சியில் வரிசை முழுவதும் நெளிந்தது. நூற்றுவர் தலைவன் ஈட்டிக் காம்பைக் கழுத்துப்பக்கத்தால் உள்ளே விட்டுச் சொறிந்தபோது சனம் சிரித்தது. பாரச் சிலுவையோடு விழுந்து கிடந்தவரைச் சுற்றி நின்று பன்னிரண்டு பேரும் சொறிகிறார்கள். அழுதுகொண்டிருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நாற்பது நாள் ஒறுத்தல் இருந்து பழகிய நாடகம் அப்படி முடிந்தது.

மண்டபத்துக்குப் பின்னால் கவசங்களைக் கழற்றினார்கள். நெஞ்செல்லாம் காஞ்சோண்டி இலை பட்டது போலச் சிவந்து தடித்திருந்தது. நாடகப் பொறுப்பாளர், ஓய்வுபெற்ற தபாலதிபர், மரியாதையான மனிதர், என்னிடம் வந்து என்ன பூசினீர்கள் தம்பி என்று தணிந்த குரலில் கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கடையின் பெயர், அடுத்த வருட வாடகை, பங்கில் வரவிருந்த இரண்டு கலியாணம் எல்லாம் ஒரு கணத்தில் மனதில் ஓடின.

"நாங்கள் ஒண்டும் பூசேல்லை அண்ணை. அச்சு அவன்ரை மேலிலை எடுத்தது. அவன்ரை கையைப் பாருங்கோ, சொறி. அதுதான் தொத்தியிருக்கு."

நான் யோசித்துச் சொன்ன சொல் அது. வாய் தவறவில்லை. நம்புவார்கள் என்று தெரிந்தே சொன்னேன். வெள்ளைச் சேட்டுக்காரன் சொல்கிறான், ஊத்தையனைப் பற்றி.

நீ தண்ணீர் வாளியோடு கதவடியில் நின்றாய். கேட்டிருந்தாய். துணியைப் பற்றி ஒரு சொல் சொல்லியிருக்கலாம். வாளியை வைத்துவிட்டு, பச்சைத் தண்ணீர் ஊற்றுங்கோ, தேய்க்காதேங்கோ என்று அவர்களுக்குச் சொன்னாய். ஒட்டுநாடாவைக் கிழித்துக்கொண்டு முதலாமவனின் நெஞ்சுக்குக் கையை நீட்டினாய். அவன் ஒரு அடி பின்னால் போனான். அவ்வளவுதான். நீ கையை மடக்கிச் சாரத்துக்குள் சுற்றிக்கொண்டாய்.

அதற்குப் பிறகு உன் விரலுக்கு முகத்தை நீட்ட யாரும் வரவில்லை. அந்தப் பங்கு வேறு ஆளைப் பிடித்தது. பிறகு அந்த வாத்தியார் வந்தார். பிறகு மற்றவர்கள் வந்து சொல்லவும் இல்லை, கூப்பிடவும் இல்லை. கைத் தடிப்பு ஒரு மாதத்தில் ஆறிவிட்டது, பெயர் ஆறவில்லை. கேற்றுக்கும் வள்ளத்துக்கும் பெயின்ற் அடித்துக்கொண்டு நீ கரவெட்டியிலேயே இருந்துவிட்டாய். கேற்றுக்கு யார் தொட்டாலும் ஒன்றுதானே.

ஒரேயொருதரம் கண்டோம். நெல்லியடியில், பஸ்ஸடியில். நீ ஏசுவாய் என்று நினைத்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். நீ கேட்டது ஒன்றுதான்.

"துணி போட்டிட்டியோ?"

"ஓம்" என்றேன். அதுவும் பொய். நீ தலையை ஆட்டிவிட்டுப் பஸ்ஸில் ஏறினாய்.

போன சனிக்கிழமை சாக்கை அவிழ்த்ததற்குக் காரணம், அதே பங்கிலிருந்து ஒரு இளந்தாரி இந்தத் தவக்காலத்துக்குக் கவசம் கேட்டு வந்ததுதான். ஒன்பது வருடம் கழித்து. ஒன்றைத் தூக்கித் தட்டிப் பார்த்தான், நல்ல உறுதி என்றான். பிறகு சிரித்துக்கொண்டு, "இது அந்தச் சொறிப் பெயின்ரர் செய்ததெல்லோ, அண்ணை? அப்பா சொல்லுவார்" என்றான்.

உன் முகம் அவனுக்குத் தெரியாது. அந்தப் பெயர் தெரியும். நான் வைத்த பெயர்.

"செய்தது அவன்தான். அவனிலை சொறி இல்லை. கண்ணாடி முள்ளுக்குமேலை துணி போடாமல் குடுத்தது நான்" என்றேன். ஒன்பது வருடம் வாய்க்குள் கிடந்த சொல். அவன் கைபேசியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. பழைய கதைதானே அண்ணை, ஆளும் இப்ப இல்லையாம் என்றான். எப்ப எடுக்க வரலாம் என்று கேட்டான். வாயைத் திறந்தால் எல்லாம் கழுவுப்பட்டுவிடும் என்று எண்ணியிருந்தேன், ஒன்றும் கழுவுப்படவில்லை. சொல்லவேண்டிய இடம் அந்தக் கடை வாசல் இல்லை. அதனால் இந்த மடலை மடித்து உன் மகளுக்கு அனுப்புகிறேன். அந்த எட்டு வரிக்குப் பதில் இது. இனி அவள் என்னை மாமா என்பாளோ தெரியாது. பங்குக்கும் ஒரு பிரதி போகும், அந்த வாத்தியாருக்கும் போகும்.

ஐந்து நாளாக வாயைக் கட்டிக்கொண்டு கவசங்களை உள்ளே உரசினேன். கையுறை போட்டுத்தான், அதை நினைக்க வெட்கமாயிருந்தது. என் மனிசி துணி வெட்டித் தர ஒட்டினேன், தடித்த வெள்ளைத் துணி. குனிந்து குனிந்து ஒட்டும்போது உன் வயிற்றின் மேடு, உன் இறங்கின இடத்தோள், எல்லாம் கைக்குத் தட்டுப்பட்டது. உயிரோடு இருக்கையில் தொடக் கூசின உடம்பு.

கடைசிக் கவசத்தை உரசவில்லை, துணியும் போடவில்லை. சேட்டைக் கழற்றிவிட்டு வெறும் மேலில் கட்டிப் பார்த்தேன். அளவு சரியாக இருந்தது, வயிறுகூட. கால்மணித்தியாலம் நின்றேன். அதற்குமேல் முடியவில்லை. அவர்கள் இரண்டு மணித்தியாலம் நின்றார்கள்.

அது இனி வாடகைக்கு இல்லை. கடையில் நான் இருக்கிற கதிரைக்கு மேலே, உட்பக்கம் தெரியத் தொங்குகிறது. வருகிறவர்கள் அதென்ன என்று கேட்கிறார்கள், சொல்கிறேன். நெஞ்சு இன்னும் கடிக்கிறது. நெல்லியடியில் நீ கேட்டதை இப்போது கேட்டால், மச்சான், பதினொன்றுக்கு ஓம் சொல்வேன்.