ஒசாகாவில் நீ சாப்பிட்டது

இன்று காலை வேலையில், புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி ஜப்பான் கருவாட்டுச் சீவல் பையைக் கத்தரிக்கோலால் வெட்டித் திறந்தாள். அந்த வாசம் அடித்ததும் உன் நினைவு வந்துவிட்டது. முதல் முதலில் அந்தப் பையைத் திறந்த நாளில் நீ மூக்கை உள்ளே விட்டு மோந்துவிட்டு, "இஞ்சை பாரடி, இது எங்கடை மாசிக் கருவாடெல்லோ, மினுக்கின பையிலை போட்டு எங்களுக்கே காட்டுறாங்கள்" என்றாய். மனேச்சர் திரும்பிப் பார்க்கும் வரைக்கும் இரண்டு பேரும் சிரித்தோம். இன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை. நேற்றுப் பின்னேரம் உன் மகள் வந்து போனதிலிருந்து எனக்கு ஒன்றும் சரியாக இல்லை. நீ வாசிக்கப் போவதில்லை என்ற துணிவில்தான் இதை எழுதுகிறேன்.

இந்தக் கனடாவில், ஸ்காபரோவிலிருந்து முதல் பஸ் பிடித்து மார்க்கம் போய், தலைக்கு வலை போட்டு, அந்த சுப்பர்மார்க்கெட்டின் ஒரு மூலையில் பதினொரு வருடம் மீனும் சோறும் வைத்துச் சுசி உருட்டினோம். வாங்குகிற சனம் அதைச் செய்தது யாரோ ஜப்பான்காரன் என்று நினைத்துக்கொண்டு போகும். உனக்கு அந்தச் சுசியைக் கண்ணில் காட்டக் கூடாது. உனக்குப் பைத்தியம் பிடித்தது ஒசாகாப் பக்கத்துத் தெருச் சாப்பாட்டில். பஸ்ஸில் போகவர ஃபோனில் அதைத்தான் பார்ப்பாய். கோவா இலையையும் மாவையும் முட்டையையும் குழைத்துச் சூட்டுத் தட்டில் வார்க்கிற ஒக்கொனோமியாக்கி. நின்றபடியே உறிஞ்சிக் குடிக்கிற ஊடோன் நூடில்ஸ். பக்கத்து ஊர் நாராவில் மீனையும் சோற்றையும் இலையில் சுற்றி வைக்கிற ஒரு சுசி. சுசியில் அதை மட்டும் தின்பேன் என்று எனக்குச் சத்தியம் செய்தாய். குச்சியில் குத்திப் பொரித்ததைப் பொதுச் சட்டியில் ஒரு தரம்தான் தோய்க்கலாம், கடித்துவிட்டுத் திரும்பத் தோய்த்தால் கடைக்காரன் ஏசுவான் என்று கேள்விப்பட்டதும் உனக்குப் பெரிய சந்தோசம். "எச்சில் பாக்கிற சனமடி, எங்கடை ஆக்கள்தான்" என்றாய்.

அங்கே போய்ச் சாப்பிட வேண்டிய எல்லாவற்றையும் சுசிப் பெட்டிக்கு ஒட்டுகிற லேபல் தாளின் பின்பக்கத்தில் எழுதினோம். தாக்கோயாக்கியை நான்தான் சேர்க்கச் சொன்னேன், பணியாரச் சட்டி மாதிரி ஒன்றில் சுடுகிறார்களே என்று. பேய்க்கணவாயை மாவுக்குள் ஒளித்து வைத்து விற்கிறார்கள், உனக்கு வேண்டாம் என்று முகத்தைச் சுளித்தாய். வெள்ளிக்கிழமை வந்தால் மரக்கறிக்கு எங்கே போவது என்று நான் கவலைப்பட, அங்கே வெள்ளி தொடங்குகிறபோது இங்கே இன்னும் வியாழன்தான், முருகனே குழம்பிப் போவார் என்று சமாளித்தாய்.

இரண்டு பேருமாகப் போக இரண்டு வருடம் திட்டம் போட்டோம். இங்கே உருட்டுவது காணாதென்றா அங்கே போய்ச் சாப்பிடப் போகிறீர்கள் என்று என் மனுசன் நக்கலடித்தார். உன்னவர் முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். நாங்கள் விடவில்லை. சித்திரையில் பத்து நாள் என்று லீவும் எடுத்தாயிற்று. அந்தக் கிழமையிலேயே மச்சாளின் மகள் பெரியபிள்ளையானதற்குச் சாமத்தியவீடு வைத்தார்கள். மண்டபம் கிடைத்த நாள் அதுதானாம். என் மனுசன் தாய்மாமன். ஆலாத்தித் தட்டோடு மாமி நான் நிற்காவிட்டால் ஸ்காபரோ முழுக்க அதையே ஒரு வருடத்துக்குக் கதைக்கும்.

என்னால் வர ஏலாது என்று சாப்பாட்டு நேரத்தில் உனக்குச் சொன்னேன். அடுத்த வருடம் போவோமடி என்று நீ சொல்வாய் என்று உன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்ப நான் தனியப் போறன்" என்றாய்.

அவ்வளவுதான். எனக்குச் சுருக்கென்றது. நீ ஒசாகாவில் இருந்த அந்தச் சனிக்கிழமை நான் பட்டுச்சேலையோடு, குடைக்குக் கீழே வந்த பிள்ளைக்குத் தட்டைச் சுற்றிக்கொண்டு, உன்னை மனதுக்குள் திட்டிக்கொண்டு நின்றேன். வீடியோவில் பார், என் மூஞ்சி உர்ரென்று இருக்கும்.

திரும்பி வந்தாய். சாப்பிடுகிற இரண்டு கறுப்பு மரக் குச்சிகளை ஒரு அழகான பெட்டியில் எனக்குக் கொண்டுவந்தாய். தாங்ஸ் என்று சொல்லி லொக்கருக்குள் போட்டேன். வேறொன்றும் கேட்கவில்லை. நீ சோற்றைப் பரப்பியபடி, "இஞ்சை கேளன், நாராவிலை ஒரு மனுசி..." என்று தொடங்கினாய். லேபல் முடிந்துவிட்டது என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். லேபல் முடியவில்லை. இன்னும் இரண்டு மூன்று தரம் தொடங்கிப் பார்த்தாய். ஒருதரம் அரிசியைக் கழுவினேன், ஒருதரம் ஃபோனைப் பார்த்தேன். பிறகு நீயும் விட்டுவிட்டாய். பக்கத்தில் பக்கத்தில் நின்று வெள்ளரிக்காய் வெட்டினோம், காலநிலை கதைத்தோம்.

ஆடியில் நீ வேலைக்கு வராமல் விட்டாய். அப்போதுதான் உன் நோய் விஷயம் எல்லோருக்கும் தெரிந்தது. பயணத்துக்கு முதலே டொக்ரர் உனக்குச் சொல்லிவிட்டாராம். வீட்டுக்கும் சொல்லவில்லை, எனக்கும் சொல்லவில்லை. என்ன பெரிய வைராக்கியம் உனக்கு? ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் ஆலாத்தித் தட்டை ஆர் வேண்டுமென்றாலும் தூக்கட்டும் என்று விட்டுவிட்டு வந்திருப்பேனே. வந்திருப்பேனா? இப்போது அப்படிச் சொல்வது லேசு. உன்மேல் எனக்கு இன்னும் கோபம்தான். என்மேல் உள்ளதைவிடக் கொஞ்சம் குறைவு.

ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி கொண்டுவந்தேன். உன் காலைப் பிடித்துவிட்டேன். அங்கே வைத்து ஒசாகாவைப் பற்றிக் கேட்டிருக்கலாம். கேட்டால், இத்தனை நாள் ஏன் கேட்கவில்லை என்பதற்கும் பதில் சொல்ல வேண்டிவரும் என்று பயந்தேன். சுகமாகி வரட்டும், ஆறுதலாகக் கேட்போம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஐப்பசியில் நீ போய்விட்டாய்.

எட்டாம் நாள் எட்டுச்செலவுக்கு முதல் நாள் உன் மகள் ஃபோன் எடுத்தாள். செத்தவருக்குப் பிடித்ததெல்லாம் படைக்க வேண்டுமே. இறால், பனங்காய்ப் பணியாரம் எல்லாம் எழுதிவிட்டாளாம். "அம்மா ஜப்பானிலை என்ன விரும்பிச் சாப்பிட்டவா அன்ரி? உங்களுக்குச் சொல்லியிருப்பா தானே" என்றாள். பின்னால் உன் சொந்தக்காரர் கதைக்கிற சத்தம் கேட்டது. உன் உயிர்ச் சிநேகிதிக்குத் தெரியாது என்று அவ்வளவு பேருக்கும் முன்னால் எப்படிச் சொல்வேன்? தாக்கோயாக்கி என்று வாயில் வந்துவிட்டது.

பிள்ளை எங்கேயோ தேடி வாங்கி வந்துவிட்டாள். வாழையிலையில் இறாலுக்குப் பக்கத்தில் வைத்தார்கள். மேலே தூவிய கருவாட்டுச் சீவல் சூட்டுக்கு நெளிய, ஒரு கிழவர், "உதென்ன, உயிரோடையோ கிடக்குது?" என்று கேட்டார். செத்த வீட்டில் எல்லோரும் கொஞ்சம் சிரித்தார்கள். நீ வேண்டாம் என்று முகம் சுளித்த சாமானை உனக்குப் படைத்து, சாம்பிராணி காட்டி, நீ வந்து சாப்பிடுவதற்காகக் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்து நின்றோம். உள்ளே வந்து நீ என்னைத் திட்டியிருந்தால் அது நியாயம்தான்.

நேற்று உன் மகள் தன் மாப்பிள்ளைப் பொடியனோடு போவதற்கு டிக்கெட் போட்டுவிட்டு வந்தாள். ஒசாகா, நாரா எல்லாம். "அம்மா போன ப்ளேஸ் எல்லாத்துக்கும் போகப் போறம் அன்ரி, அவ சாப்பிட்டது எல்லாம் எழுதித் தாங்கோ" என்று கொப்பியையும் பேனையையும் நீட்டினாள். உன் ஃபோனில் கோயிலும் மானும்தான் இருக்கின்றனவாம், சாப்பாடு ஒன்றுகூட இல்லை. இருக்காது என்று எனக்குத் தெரியும். சாப்பாட்டைப் படம் பிடிக்கிறவர்களைக் கண்டால், முதலில் ஃபோனுக்கு ஊட்டிவிட்டுத்தானா தின்ன வேண்டும் என்று ஏசுகிறவள் நீ.

லேபல் தாளில் எழுதிய பெயர்கள் எல்லாம் எனக்கு மனப்பாடம். அப்படியே எழுதிக் கொடுத்திருந்தால் பிள்ளை சந்தோசமாகப் போயிருப்பாள். பேனையைக் கையில் எடுத்தும் விட்டேன். முடியவில்லை. நான் உன்னிடம் கேட்கவேயில்லை, ஒரு பொறாமையில் இருந்தேன் என்று சொன்னேன்.

அவள் கொப்பியை மூடினாள்.

"அப்ப எட்டிலை படைச்சது?"

"என்ரை வாயிலை வந்தது, பிள்ளை."

என்னை ஏசுவாள் என்று பார்த்தேன். அவள் ஏசவில்லை. "நாங்களும் கேக்கேல்லை அன்ரி. அப்பா அப்ப கோவத்திலை இருந்தவர். எனக்கு எக்ஸாம். உங்களுக்குச் சொல்லியிருப்பா எண்டு நினைச்சம்" என்றாள்.

பத்து நாள், ஒரு நாளைக்கு மூன்று நேரம், நீ அங்கே ஏதோ சாப்பிட்டிருக்கிறாய். எது ருசித்தது, எதைப் பாதியில் வைத்தாய், நாராவில் அந்த மனுசி என்ன சொன்னாள், இந்த உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. எல்லாவற்றையும் உன்னோடு சேர்த்து எரித்துவிட்டோம்.

அவள் வெளிக்கிட்டாள். கதவடியில் குனிந்து சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தபோது, யாரைக் கண்டாலும் கேட்கிற வழக்கத்தில் என் வாய் தானாகக் கேட்டது: "சாப்பிட்டனியோ, பிள்ளை?"

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். எவ்வளவு லேசாக வருகிறது. தபால் கொண்டுவருகிறவனிடமும் கேட்கிறேன், வேலையில் அந்தப் புதுப் பெண்ணிடமும் கேட்கிறேன். என் பக்கத்தில் நின்ற உன்னிடம் அந்த ஒரு கேள்வியைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.