வெறும் அறை, ஒரு நிமிடம்

ஜூன் 4

அன்புள்ள சின்னவளுக்கு,

நீ அனுப்பிய பழைய லேப்டாப் உடையாமல் வந்து சேர்ந்தது. நான்தான் அரை உயிராக இருக்கிறேன். பாட்டைப் பதிவு செய்யும் மென்பொருளை நீ எழுதித் தந்தபடியே ஏற்றினேன். திறந்ததும் 'டிரைவர் இல்லை' என்றது. வண்டியே இல்லாதவளிடம் டிரைவர் எங்கே என்று கேட்டால் என்ன சொல்வது? மைக் விற்ற கடைக்காரர் ஏதோ ஒன்றை இறக்கிக் கொடுத்தார். இப்போது பதிவாகிறது. ஆனால் கிணற்றுக்குள் நின்று பாடுகிற மாதிரி இருக்கிறது. புது மைக்குக்கு இதுதான் லட்சணமா?

குழந்தைகளுக்குப் பாடப் புத்தகம் போடும் பதிப்பகம் ஒன்று இருபது பாட்டு கேட்டிருக்கிறது. இரைச்சல் இல்லாமல் கொடுத்தால் எடுத்துக்கொள்வார்கள். அடுத்த வருடத்துக்கும் வேலை உண்டு. ஆகஸ்ட் முடிவதற்குள் கொடுக்க வேண்டும். இந்த வேலை எனக்குக் கிடைத்தே ஆக வேண்டும். ஏன் என்று இப்போது கேட்காதே.

லேப்டாப்பை அனுப்பிய மாதிரியே பதிலையும் நான் பாட்டு வகுப்பு எடுக்கும் பள்ளியின் முகவரிக்கு எழுது. எங்கள் குடியிருப்பில் தபால் பெட்டி உடைந்துவிட்டது. நானும் நீ வேலை செய்யும் நூலகத்துக்கே எழுதுகிறேன். உங்கள் வீட்டில் சுவருக்கு மட்டுமா, உறைக்கும் காது உண்டு. போன் வேண்டவே வேண்டாம். ஸ்பீக்கரில் போடாமல் அத்தை பேசி நான் பார்த்ததில்லை.

அன்புடன்,
அண்ணி


ஜூன் 11

அன்புள்ள அண்ணிக்கு,

பார்வையற்றவர்களுக்காக நான் நாவல்களை வாசித்துப் பதிவு செய்யும் சிறிய அறையில் உட்கார்ந்து உங்கள் கடிதத்தைப் படித்தேன். அந்தக் கதவைச் சாத்திவிட்டால் உலகத்தில் யாருமே இல்லை.

கிணறு உங்கள் தொண்டையில் இல்லை. புது மைக்கை நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். திரையில் அலை எகிறாது என்று நினைக்கிறேன். பிறகு லேப்டாப்பின் விளிம்பைச் சுரண்டுங்கள். எகிறினால் திருடன் அவன்தான். மென்பொருள் உங்கள் மைக்கை விட்டுவிட்டு, லேப்டாப்புக்குள் இருக்கும் பொடி மைக்கில் கேட்டுக்கொண்டிருக்கிறது. அமைப்புகளில் 'உள்ளீடு' என்ற இடத்தில் புது மைக்கைத் தேர்ந்தெடுங்கள்.

இன்னொன்று. பாடுவதற்கு முன்னால் வெறும் அறையை ஒரு நிமிடம் பதிவு செய்யுங்கள். பேச வேண்டாம், அசைய வேண்டாம். ஒவ்வோர் அறைக்கும் ஒரு முனகல் இருக்கிறது: ஃபேன், ஃபிரிட்ஜ், தெரு. மென்பொருளுக்கு அதைக் காட்டிக்கொடுத்தால் பாட்டிலிருந்து அதை மட்டும் கழித்துவிடும். மொத்த ஃபோல்டரையும் பென் டிரைவில் போட்டு அனுப்புங்கள். முதல் பாட்டை நானே சுத்தம் செய்து காட்டுகிறேன்.

லேப்டாப் எங்கே என்று அம்மா கேட்டார். பழுது பார்க்கக் கொடுத்திருப்பதாகச் சொன்னேன். "அந்தப் பொட்டிக்கு வந்த வாழ்வப் பாரு. என் முட்டியப் பழுது பாக்கத்தான் ஒரு நாதியில்ல" என்றார்.

அன்புடன்,
சின்னவள்


ஜூன் 20

அன்புள்ள சின்னவளுக்கு,

திருடன் அவனேதான். புது மைக்கைத் தேர்ந்தெடுத்ததும் என் குரல் கிணற்றிலிருந்து ஏறிவந்து பக்கத்தில் உட்கார்ந்தது.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. வெறும் அறையை ஒரு நிமிடம் எதற்கு? பாட்டுக்கு மைக் வைப்பார்கள், பேச்சுக்கு மைக் வைப்பார்கள். ஆளில்லாத அறைக்கு மைக் வைப்பவர்களுக்கு வேறு பெயர். அத்தை கேட்கச் சொன்னார்களா? லேப்டாப் கேமராவின் மேல் ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டியிருக்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சூடுபட்ட பூனை நான். மூன்று வருடத்துக்கு முன்னால், இப்போதைக்குக் குழந்தை வேண்டாம் என்று நானும் உன் அண்ணனும் பேசி வைத்திருந்தோம். எங்களைத் தவிர அது தெரிந்தவள் நீ ஒருத்திதான், உங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது, துணி காயப்போட்டுக்கொண்டே நானே உன்னிடம் சொன்னேன். மறுநாள் காலையில் காப்பி ஆறுவதற்குள் அத்தை என்னைப் பார்த்து, "ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் பாட்டு வருமாம், தாலாட்டு மட்டும் வராதாம்" என்றார்கள். யார் சொன்னது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அதனால் பத்து வினாடி மட்டும் அனுப்புகிறேன். அதை வைத்துக் கழிக்க முடிந்ததைக் கழித்துக்கொள்.

இன்னொரு தொல்லை. ஹெட்போனில் ஆர்மோனியத்தைக் கேட்டபடி பாடுகிறேன். திரும்பப் போட்டுக் கேட்டால், பஸ்ஸைத் தவறவிட்டவள் மாதிரி என் குரல் பின்னால் ஓடி வருகிறது. பதினெட்டு வருடமாகப் பாடுகிறேன். நான் தாளம் தப்புகிறவளா?

அண்ணி


ஜூலை 2

அன்புள்ள அண்ணிக்கு,

அம்மா கேட்கச் சொல்லவில்லை. நீங்கள் பதிவு செய்வதே அம்மாவுக்குத் தெரியாது. அன்றைக்கு அந்த விஷயத்தைச் சொன்னதும் நான் இல்லை, அண்ணி. அண்ணனுக்கு அம்மாவிடம் எதையும் மறைக்கத் தெரியாது என்பது உங்களுக்கே தெரியும். இதற்கு மேல் எழுத எனக்கு விருப்பமில்லை.

நீங்கள் தாளம் தப்பவில்லை. குரல் மைக்கில் நுழைந்து, கணினிக்குள் ஏறி, ஃபைலாகிப் படுப்பதற்குள் கொஞ்சம் நேரம் பிடிக்கிறது. எவ்வளவு என்று அளந்துவிட்டால் சரிசெய்யலாம். தாளச் சத்தத்தை ஹெட்போனில் ஓடவிட்டு, அதற்கேற்ப பத்துத் தடவை கைதட்டிப் பதிவு செய்யுங்கள். கூடத்தின் நடுவில் நின்று, பலமாகத் தட்டுங்கள்.

உங்கள் பத்து வினாடியைப் பல தடவை கேட்டேன். உங்கள் வீட்டில் மூன்று வாரம் தங்கியிருக்கிறேன். கூடத்துச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் லிஃப்ட். அதன் உறுமல் ஓயாது. கம்பிக்கதவு அடித்துக்கொள்கிற சத்தத்தில் ஒரு பக்கத்தைக்கூட நான் முழுதாகப் படித்ததில்லை. இந்தப் பத்து வினாடியில் அந்த உறுமல் இல்லை. லிஃப்ட் பழுதா?

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் போன் செய்தது. உங்களைக் கூப்பிடச் சொன்னார் அம்மா. "அவ குளிக்கிறா, மா" என்றது. போனை வைத்ததும் அம்மா, "நாலு ஞாயித்துக்கிழமையா குளிக்கிறா. வீட்டுல குளிக்கிறாளா, ஆத்துல எறங்கிட்டாளா?" என்றார். நான் சிரித்தேன். பிறகு யோசித்தேன்.

சின்னவள்


ஜூலை 12

சின்னவளுக்கு,

லிஃப்ட் பழுதுதான். நான் குளித்துக்கொண்டிருந்ததும் உண்மைதான். போதுமா? மென்பொருளைச் சரிசெய்யக் கூப்பிட்டால் துப்பறிய வந்துவிட்டாய். நாவல் படிக்கிறவர்களிடம் உதவி கேட்கக் கூடாது.

கைதட்டலை அனுப்பியிருக்கிறேன், முதல் பாட்டும் இருக்கிறது. பாட்டுக்கு முன்னால் ஏதோ பேச்சுச் சத்தம் விழுந்திருந்தது. வெட்டுவது எப்படி என்று நானே கண்டுபிடித்து வெட்டிவிட்டேன். யாரும் சொல்லித் தரவில்லை என்பதில் கொஞ்சம் பெருமைதான்.

இப்போது முக்கியமான விஷயம். நீ சொல்லவில்லை என்றால் சொன்னது உன் அண்ணன்தான். அன்றைக்குக் கேட்டபோது, "சத்தியமா நான் சொல்லல" என்று மூன்று தடவை சொன்னார். மூன்றாவது தடவை குரல் உடைந்தது. பாட்டு வாத்தியார் நான். உடைகிற குரலைத்தான் கேட்டேன், சொன்ன வார்த்தையைக் கேட்கவில்லை. குற்றமுள்ள குரல் என்று முடிவு கட்டினேன். ஆனாலும் ஓர் ஓரத்தில் உன்மேலும் சந்தேகம் இருந்தது. அந்த ஓரத்தால்தான் அவரை முழுசாக வெறுக்க முடியவில்லை. அன்றிலிருந்து அவரிடம் எதையும் சொல்வதில்லை. சாப்பிட்டாச்சா, கதவைப் பூட்டியாச்சா, அவ்வளவுதான் எங்கள் பேச்சு.

உன் கடிதம் அந்த ஓரத்தையும் துடைத்துவிட்டது. ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போடுவதா வேண்டாமா என்று தயங்கிக்கொண்டிருந்தேன். இனித் தயங்க வேண்டியதில்லை. ஒருவகையில் உனக்கு நன்றி சொல்ல வேண்டும்.

அண்ணி


ஜூலை 17

அன்புள்ள அண்ணிக்கு,

கையெழுத்துப் போடாதீர்கள். இந்தக் கடிதத்தை முடிக்கும்வரையாவது போடாதீர்கள்.

முதலில் உங்கள் வேலை. பத்துக் கைதட்டலையும் அளந்தேன். ஒன்றிரண்டு மில்லிசெகண்டு முன்னே பின்னே இருக்கிறது. மற்றபடி ஒவ்வொன்றும் நூற்று நாற்பது மில்லிசெகண்டு பிந்துகிறது. மனிதர்கள் பிந்தினால் ஒரு தடவை அதிகமாக, ஒரு தடவை குறைவாகப் பிந்துவார்கள். ஒரே அளவில் பிந்துவது இயந்திரம் மட்டும்தான். அமைப்புகளில் 'தாமதம்' என்ற கட்டத்தில் 140 என்று போடுங்கள். உங்கள் குரல் ஆர்மோனியத்தோடு வந்து சேரும். தப்பு உங்களுடையது இல்லை.

இனி என்னுடையது.

வெறும் அறையைக் கேட்டது இரைச்சலைக் கழிக்கத்தான். அது சத்தியம். ஆனால் கூடத்தின் நடுவில் நின்று பலமாகக் கைதட்டச் சொன்னது தாமதத்துக்காக மட்டும் இல்லை. உங்கள் கூடம் நீளம். கைதட்டினால் சத்தம் போய்த் திரும்பும். நீங்கள் அனுப்பியதில் அது உடனே முகத்தில் அறைகிறது. சின்ன அறை, சாமான் அதிகம் இல்லாத அறை. நான் வேவுதான் பார்த்தேன், அண்ணி. அம்மாவுக்காக இல்லை, எனக்காக. ஆனாலும் அதற்குப் பெயர் அதுதான்.

பாட்டின் முன்னால் வெட்டினீர்களே, இந்த மென்பொருளில் வெட்டியது அழிவதில்லை. ஓரத்தைப் பிடித்து இடப்பக்கம் இழுத்தால் மறுபடி வந்துவிடும். இழுத்தேன். ஒரு அம்மாள், "ஏன் டீச்சர், குடிவந்து ரெண்டு மாசமாச்சு, வாசல்ல ஒரு பேர்கூட மாட்டலயே?" என்கிறார். நீங்கள், "வேணாம்மா, என்னைத் தேடி யாரும் வரப்போறதில்ல" என்கிறீர்கள். பிறகு தொண்டையைச் செருமிவிட்டு, குருவிக்குக் கூடு கட்டிக் கொடுக்கும் பாட்டைப் பாடுகிறீர்கள்.

என்னிடம் இருந்த பிரதியில் அதை நிஜமாகவே அழித்துவிட்டேன். உங்களிடம் இருப்பதை நீங்கள் அழிக்க வேண்டும். 'பயன்படாத ஒலிகளை நீக்கு' என்று ஒரு கட்டளை இருக்கிறது, கடைசி மெனுவில். ஒவ்வொரு பாட்டையும் முடித்தபின் அதை அழுத்துங்கள். பதிப்பகத்துக்கும் எனக்கும் ஃபோல்டரைக் கொடுக்காதீர்கள். முடிந்த பாட்டை ஒற்றை ஃபைலாக எடுத்துக் கொடுங்கள். அப்படிச் செய்தால் என்னாலும் எதையும் இழுத்துப் பார்க்க முடியாது.

மூன்று வருடத்துக்கு முன்னால் அம்மாவிடம் சொன்னது நான்தான். அண்ணன் இல்லை.

அன்று சாயங்காலம் அம்மா எனக்குத் தலைவாரி விட்டார். சின்ன வயதில்கூட அவ்வளவு நேரம் என் தலையில் அவர் கை இருந்ததில்லை. ஏதாவது பேசிக்கொண்டே இருந்தால் எழுந்து போக மாட்டார் என்று தோன்றியது. படித்த கதைகளையெல்லாம் சொன்னேன். கொட்டாவி விட்டார். என்னிடம் வேறு சரக்கு இருக்கவில்லை, உங்களுடையதைத் தவிர. இதை நியாயம் என்று சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன். இரண்டு வாரத்துக்கு முன்னால், எழுத்தில், மறுபடியும் பொய் சொன்னேன். அதற்குத் தலைவாரல் சாக்கும் கிடையாது.

வீடு மாறியதை அம்மாவிடம் சொல்லவில்லை. இதை நீங்கள் நம்ப எந்தக் காரணமும் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

சின்னவள்


ஆகஸ்ட் 5

சின்னவளுக்கு,

140 போட்டேன். சரியாகிவிட்டது. இருபது பாட்டும் முடிந்தன. ஒற்றை ஃபைல்களாக எடுத்துப் பதிப்பகத்துக்கு அனுப்பினேன். இரைச்சல் துளியும் இல்லை என்று பதில் வந்திருக்கிறது. வேலை கிடைத்துவிட்டது. நீ இல்லாவிட்டால் கிடைத்திருக்காது. அதை எங்கே கேட்டாலும் சொல்வேன்.

உன் அண்ணனைப் பள்ளிக்கு வரச் சொல்லி, உன் கடிதத்தின் அந்தப் பக்கத்தைப் படிக்கக் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தார். "நான்தான் அப்பவே சொன்னேனே" என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. "அவளத் திட்டாத, சின்னப் பொண்ணு" என்றார். பிறகு, "இன்னும் எத்தன ஞாயித்துக்கிழம உன்னக் குளிக்க வெக்கிறதுன்னு தெரியல" என்றார். இருவரும் சிரித்துவிட்டோம். பள்ளிக்கூட வாசலில் நின்று அழவும் செய்தோம். விவாகரத்துக் காகிதம் இன்னும் கையெழுத்தாகாமல் இருக்கிறது. அதனால் நான் திரும்பிப் போகிறேன் என்று அர்த்தம் இல்லை. நூற்று நாற்பது மில்லிசெகண்டுக்கு ஒரு கட்டம் காட்டினாய். மூன்று வருடத்துக்கு எந்தக் கட்டத்தில் என்ன எண் போடுவது என்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை.

நான் வீடு மாறியதை அம்மாவிடம் சொல்லவில்லை என்று எழுதியிருந்தாய். நம்பலாமா கூடாதா என்று நாள் முழுக்க யோசித்தேன். அப்புறம்தான் புரிந்தது, ரகசியமாக இருக்கும்வரைதான் அது உன் கையில் இருக்கும். ஆகவே என் புது முகவரியை உறையின் பின்பக்கம் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன். வாசலில் பெயரும் மாட்டியாகிவிட்டது. யாரிடம் வேண்டுமானாலும் சொல். இனி உன்னிடம் மறைக்கவும் எதுவும் இல்லை, கொடுக்கவும் எதுவும் இல்லை. லேப்டாப்பைத் தனிப் பார்சலில் திருப்பி அனுப்புகிறேன். பள்ளியில் ஒன்று கொடுத்திருக்கிறார்கள். பிளாஸ்திரியை எடுக்க மறந்துவிட்டேன், நீ எடுத்துக்கொள்.

பென் டிரைவில் ஒரே ஒரு ஃபைல் இருக்கிறது. நீ முதலில் கேட்டது: வெறும் அறை, ஒரு நிமிடம், எங்கும் வெட்டாதது. பத்து வினாடி கொடுத்து உன்னைச் சந்தேகப்பட்டேன்; பாக்கி ஐம்பது வினாடியை வைத்துக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. அந்த நேரம் முழுக்க நான் அறையில்தான் இருந்தேன், நாற்காலியில், மைக்குக்கு எதிரில்.

நீ கெட்டிக்காரி. திரும்பத் திரும்பக் கேட்டால் அதிலும் ஏதாவது கண்டுபிடிப்பாய். கண்டுபிடித்ததை எனக்கு எழுத வேண்டாம்.

அண்ணி